முரணும் ஒரு தொடையே

ஆங்கிலத்தில் சிறுகதை கற்பிப்போர் கரும்பலகையில் முதலில் எழுதும் சொற்களுள் ஒன்று ‘கான்ஃப்ளிக்ட்’. கதை என்றால் அதில் ஒரு கான்ஃப்ளிக்ட் இருந்தாக வேண்டும். அது மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலோ, மனிதனுக்கும் இயற்கைக்கும் இடையிலோ, மனிதனுக்கும் சமூகத்துக்கும் இடையிலோ, மனிதனுக்கும் அவன் மனத்துக்கும் இடையிலோ அமையும் என்பது பாடக் குறிப்பேடுகளின் வாய்பாடு. நான்கு கட்டங்களை வரைந்து, கதையை அவற்றுள் ஒன்றில் இட்டுவிட்டால் பாடம் முடிந்தது. கல்லூரியின் முதலாண்டு மாணவர்களும் இக்கட்டங்களைச் சுமந்துகொண்டே எங்கள் வகுப்புகளுக்கு வருகிறார்கள். கட்டங்கள் பிழையானவை அல்ல. ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் அவற்றை எவ்வாறு விளங்கிக்கொள்கிறார்கள் என்பதைப் பேச்சிப்பாறையில் சில சனிக்கிழமைகள் உடனிருந்து கேட்ட பிறகு, அந்தச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதே எங்களுக்குப் பெரிய கேள்வியாயிற்று.

நாங்கள் என்பது இருவர். ஒருவர் தமிழ் இலக்கியம் பயின்று தமிழ் கற்பிப்பவர்; மற்றவர் அதே கல்லூரியின் ஆங்கிலத் துறை நண்பர். நாட்டு நலப்பணித் திட்ட முகாமொன்றுக்கு மாணவர்களை அழைத்துச் சென்றபோது தொடங்கிய பழக்கம், பின்னர் முகாம் இல்லாத நாள்களிலும் தொடர்ந்தது. குலசேகரம் தாண்டி மலையடிவாரம் ஏற ஏற இருபுறமும் ரப்பர் மரங்கள். ஒவ்வொரு மரத்தின் இடுப்பிலும் ஒரு சிரட்டை. சாலை முடியுமிடத்தில் கோதையாற்றின் குறுக்கே மூலம் திருநாள் காலத்தில், மிஞ்சின் என்ற ஆங்கிலேயப் பொறியாளரின் மேற்பார்வையில், 1897 முதல் 1906 வரை கட்டப்பட்ட அணை. அணைக்கு அப்பால் காணி மக்களின் குடியிருப்புகள். எங்களிடம் வந்தமர்ந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் பால்வெட்டுத் தொழிலாளர்களின் மக்கள். நீர்த்தேக்கத்தைப் படகில் கடந்து வரும் காணிப் பிள்ளைகளும் உண்டு. வீட்டில் பேசுவது மலையாளம் கலந்த தமிழ்; காணிப் பிள்ளைகளுக்கோ அவர்களுக்கே உரிய பேச்சு. பாடப்புத்தகத் தமிழையே சற்று எட்டி நின்று பார்க்கும் இவர்களுக்கு ஆங்கிலம் இன்னொரு மலை.

2019-இல் வெளியான தமிழ்நாட்டு அரசின் ஏழாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் முதல் உரைநடைப் பாடம் பிரேம்சந்தின் ‘ஈத்கா’. 1933-இல் வெளிவந்த அக்கதையை வாசகர் அறிவர். தாய் தந்தையரை இழந்த சிறுவன் ஹமீத், பாட்டி அமீனாவின் வளர்ப்பில் இருப்பவன். பெருநாள் சந்தைக்கு அவன் கொண்டு போவது மூன்றே காசு. கூட்டாளிகள் மண் பொம்மைகளும் மிட்டாயும் வாங்குகையில், ரொட்டி சுடும்போது பாட்டியின் விரல் சுடுவதை நினைத்து இவன் ஓர் இரும்பு இடுக்கி வாங்கி வருகிறான்.

பாடத்தைப் படித்து முடித்து, நண்பர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்: இந்தக் கதையில் கான்ஃப்ளிக்ட் எது? பொருள் புரியட்டும் என்று வகுப்பில் ஏற்கெனவே ‘சண்டை’, ‘மோதல்’ என்ற சொற்கள் வழங்கிவந்தன. ஆகவே பிள்ளைகள் எதிரியைத் தேடத் தொடங்கினார்கள். மிட்டாய் கொடுக்காமல் கேலி செய்த கூட்டாளிகள்தாம் எதிரி என்றான் ஒருவன். விலையைக் கூட்டிச் சொன்ன கடைக்காரர் என்றான் இன்னொருவன். கடைசி வரிசையிலிருந்து ஒருவன், “தீயாக்கும் சாரே வில்லன். அதுதானே பாட்டிக்க கையச் சுட்டது” என்றான். மனிதனுக்கும் இயற்கைக்கும் இடையில் என்ற கட்டத்துக்கு அது கனகச்சிதமாகப் பொருந்துவதைப் பார்த்து நாங்கள் சிரித்தோம், வகுப்பும் சிரித்தது.

சிரிப்பு அடங்கிய பிறகு ஒரு பெண்பிள்ளை மெல்லச் சொன்னாள்: “ஆரும் சண்ட போடல்ல சாரே. மூணு காசுதான் இருக்கு. அவனுக்குந் தின்னணும். பாட்டிக்க கையும் பொள்ளப்பிடாது.”

அந்த மறுமொழியை நாங்கள் பலநாள் பேசிக்கொண்டிருந்தோம். கதையின் விசை எங்கே இருக்கிறதோ அங்கே நேராகக் கை வைத்துவிட்டாள் அவள். ஹமீதின் ஆசையில் குற்றமில்லை. சந்தைக்குப் போன சிறுவன் மிட்டாய்க்கு ஏங்குவது இயல்பு. பாட்டியின் விரலும் நியாயம். நியாயங்கள் இரண்டு, காசு மூன்று. மிட்டாய்க்காரர் தீயவராக இருந்திருந்தால், அல்லது பாட்டி கொடுமைக்காரியாக இருந்திருந்தால், ஹமீதுக்கு முடிவெடுப்பது எளிது. கதையும் இத்தனை ஆண்டு நின்றிருக்காது. இடுக்கியைக் கண்டு பாட்டி முதலில் சினப்பதும் அதனால்தான் நம்மைத் தொடுகிறது. குழந்தை பகல் முழுதும் உண்ணாமல் வந்திருக்கிறதே என்ற நியாயம் அவளுடையது.

இங்கேதான் தமிழ் படித்தவருக்கு ஒரு சிறு வேலை வாய்த்தது. ‘கான்ஃப்ளிக்ட்’ என்பதன் இலத்தீன் வேரில் ஒன்றோடொன்று மோதுதல் என்ற பொருள் கிடக்கிறது. அதனால் ‘மோதல்’ என்ற பெயர்ப்பு அகராதிக்கு உகந்ததே. ஆனால் நம் யாப்பிலக்கணம் ‘முரண்’ என்ற சொல்லை வேறோர் இடத்தில் வைத்திருக்கிறது. மோனை, எதுகை, முரண், இயைபு, அளபெடை எனத் தொடைகளை எண்ணும்போது முரணும் ஒரு தொடை. இருளும் ஒளியும், இன்பமும் துன்பமும் அடிதோறும் எதிரெதிர் வந்தமைந்தால் அது முரண்தொடை. தொடை என்பது தொடுத்தல், பூவைத் தொடுப்பதுபோல. ஒன்று மற்றொன்றை அழிக்க வருவதாக அங்கே கருத்தில்லை. எதிரெதிரானவை ஒரே நாரில் சேர்ந்து நிற்கின்றன. சேர்ந்து நிற்பதாலேயே ஒவ்வொன்றும் மற்றதை எடுத்துக் காட்டுகிறது. திருக்குறளும் ஊடலுவகை என்ற அதிகாரத்தோடுதான் முடிகிறது. ஊடலில் இருவர் முரண்படுகிறார்கள். இருவரும் ஒருவரையொருவர் வேண்டியே முரண்படுகிறார்கள்.

எனவே அடுத்த சனிக்கிழமை கரும்பலகையில் ‘சண்டை’ என்ற சொல்லை எழுதவில்லை. ‘முரண்’ என்று எழுதினோம். இந்தக் கதையின் நார் எது என்று கேட்டோம். “மூணு காசு” என்று பலர் ஒருங்கே சொன்னார்கள்.

பிறகு நண்பர் ஆங்கிலத்துக்கு வந்தார். அவருடைய முறை மிக எளியது. ஒரு நிகழ்ச்சியை ‘ஆண்ட்’ என்ற இணைப்புச் சொல்லை மட்டும் பயன்படுத்தி ஐந்து வாக்கியங்களில் சொல்ல வேண்டும். பிறகு ஓரிடத்தில், ஒரே ஓரிடத்தில், அதை எடுத்துவிட்டு ‘பட்’ போட வேண்டும். எந்த இடத்தில் போட்டால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருகிறாரோ அதுவே கதையின் முரண் நிற்குமிடம். நாற்பது ஆங்கிலச் சொற்கள் மட்டுமே தெரிந்த பிள்ளைக்கும் இது கைகூடும். ‘உம்’மைக்கும் ‘ஆனால்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அறியாத மொழிபேசுநர் எவரும் இல்லை. வீட்டில் நடந்த ஒன்றை எழுதுங்கள், இரண்டு பேர் இரண்டு விதமாக விரும்ப வேண்டும், இருவரில் ஒருவரும் கெட்டவராக இருக்கக்கூடாது என்பது மட்டுமே நாங்கள் விதித்த கட்டுப்பாடு.

முன்பு பேசிய அதே பெண்பிள்ளை மழையைப் பற்றி எழுதியிருந்தாள். இரவில் அப்பா பால்வெட்டுக் கத்தியைத் தீட்டி வைத்தார்; அம்மா சோறு கட்டி வைத்தாள்; அதிகாலை நான்கு மணிக்கு மழை வந்தது; மழை நல்லது; ‘பட்’ அப்பா வீட்டில் இருந்தார். அவ்வளவுதான். வெளியூர் வாசகருக்கு ஒரு விளக்கம் தேவைப்படலாம். ரப்பர் மரத்தின் பட்டையை வெயிலேறுவதற்கு முன் சீவினால்தான் பால் நன்றாக ஒழுகும். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டின் வழியே சிரட்டைக்கு வராமல் மரமெங்கும் பரவிப் பாழாகும். வெட்டுக்கு மேலே பிளாஸ்டிக் பாவாடை கட்டிக் காப்பது உண்டு. ஆயினும் அடைமழைக்கு அது போதாது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் பெய்யும் மாவட்டம் இது. நாள்கூலிக்கு வெட்டுபவருக்கு மழை என்பது வேலையற்ற காலை.

அவளுக்கு அடுத்து வாசித்த பையனுக்குப் பூதப்பாண்டிப் பக்கம் தாத்தா இருக்கிறார். கொஞ்சம் வயலும் இருக்கிறது. அவன் எழுதியதிலும் மழைதான். தாத்தா தொலைபேசியில் அழைத்து நலம் விசாரிப்பதற்கு முன்பே அங்கே மலையில் மழை உண்டா என்று கேட்கிறார். பேச்சிப்பாறையில் நீர் ஏறினால்தான் தோவாளைச் சானலில் தண்ணீர் வரும். கடைவரம்பு வயலுக்கு அது வந்து சேர்ந்தால்தான் கன்னிப்பூவும் கும்பப்பூவும் கரையேறும். அணையின் முழு மட்டம் நாற்பத்தெட்டு அடி என்பதை நாஞ்சில் நாட்டு உழவர் வீட்டுப் பிள்ளைகள் வாய்ப்பாடுபோல் அறிவார்கள். தாத்தாவுக்கு மழை வேண்டும். அதே மழையில் பேரனின் அப்பா வேலையின்றித் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். ஒரே குடும்பத்துக்குள் ஒரு மழை இரண்டாகப் பிரிகிறது.

இதன்பின் வகுப்பு எங்கள் கையில் இல்லை. மழை நல்லதா கெட்டதா என்று இரு கட்சி கட்டி வழக்காடினார்கள். “மத்தியானத்துக்குப் பெறகு பெய்யட்டு. காலையில வெட்டிப் பால் எடுத்தாச்சுன்னா பிறவு மழ பெய்தா என்ன?” என்று ஒருவன் சமரசம் சொன்னான். எல்லோரும் ஒப்புக்கொள்ளும் தறுவாயில், படகில் வரும் பிள்ளை ஒருத்தி, பள்ளி விடும் நேரத்தில் மழையும் காற்றும் வந்தால் நாங்கள் எப்படி அக்கரைக்குப் போவது என்று கேட்டாள். அவ்வளவு நேரமும் அந்த வழக்கில் அவளுக்கு இடமே இல்லாதிருந்ததைப் பிள்ளைகள் உணர்ந்து அமைதியானார்கள். எந்தக் கட்டத்திலும் அடங்காத ஒரு சிறுகதை எங்கள் கண்முன்னே வளர்ந்துகொண்டிருந்தது.

கதைக்கு முரண் இன்றியமையாததா என்ற கேள்வி உலக இலக்கியத்தில் புதிதன்று. மோதலே இல்லாமல், தொடக்கம், வளர்ச்சி, திருப்பம், நிறைவு என்ற நான்கு நிலைகளில் கதையை நகர்த்தும் மரபொன்று சீனக் கவிதையில் தோன்றி ஜப்பானியர்களிடம் நிலைபெற்றது. அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின், கதையைப் போராட்டமாக மட்டும் காண்பது மனித வாழ்வைக் குறுக்கிவிடும் என்று வாதிட்டவர். நம்மிடையேயும் புதுமைப்பித்தனின் ‘ஒரு நாள் கழிந்தது’ கதையில் எவர் எவரை வெல்கிறார்? எங்கள் மாவட்டத்துக் கிருஷ்ணன் நம்பியின் ‘மருமகள் வாக்கு’ கதையில் மருமகள் தன் விருப்பத்துக்கும் மாமியாரின் கட்டளைக்கும் நடுவில் வாக்குச்சாவடியில் நிற்கிறாள், ஆரவாரமே இல்லை. எனினும் கதையைப் படித்து முடித்தவர்க்கு உள்ளே ஏதோ நொறுங்குகிறது.

இதை வெறும் பாடமுறைச் சிக்கலாக மட்டும் நாங்கள் கருதாததற்கு ஒரு காரணம் உண்டு. 1982-இல் மண்டைக்காட்டில் தொடங்கிய கலவரத்தைப் பெரியவர்கள் வாய்மொழியாகக் கேட்டே எங்கள் தலைமுறை இம்மாவட்டத்தில் வளர்ந்தது. ஒரே தெருவில் வாழ்ந்தவர்கள் ஒருநாளில் எதிரிகளான கதை அது. எங்கள் முன் அமர்ந்திருக்கும் பிள்ளைகளும் பல சமயத்தவர், பல சாதியினர். கதை என்றதும் எதிரி யார் என்று தேடும் பழக்கத்தை ஏழாம் வகுப்பிலேயே நாம் ஊட்டிவிட்டால், அது தேர்வறையோடு நிற்குமா? மாறாக, எதிர்ப்பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கக்கூடும் என்று ஒரு கதையிலாவது பழகிய பிள்ளை, ஊரில் வதந்தி பரவும் நாளில் ஒரு நொடி நின்று யோசிக்கக்கூடும். சிறுகதை இதற்கு மேல் எதையும் சாதித்துவிடாது என்பதையும் அறிவோம். அநீதி இழைப்பவர்கள் உலகில் இல்லை என்று பிள்ளைகளிடம் சொல்வதும் எங்கள் நோக்கமன்று. அப்படிப்பட்ட கதைகளும் அவர்களுக்கு வேண்டும். எல்லாக் கதையும் அதுவாகிவிடக்கூடாது என்பதே கவலை.

வகுப்பாசிரியை நியாயமான ஓர் ஐயத்தை எழுப்பினார். தேர்வில் கட்டத்தின் பெயரைக் கேட்டால் இந்தப் பிள்ளைகள் என்ன எழுதுவார்கள்? நண்பர் சொன்ன வழியை அவர் ஏற்றுக்கொண்டார். முதலில் பிள்ளை தன் சொற்களில் எழுதட்டும்: யாருக்கு என்ன வேண்டும், மற்றவருக்கு என்ன வேண்டும், இரண்டையும் கட்டிப் போட்டிருக்கும் நார் எது. மூன்றும் எழுதிய பிறகு கட்டத்தின் பெயரை இடட்டும். பெயர் பிழைத்தாலும் மூன்று வரிக்கு மதிப்பெண் உண்டு. மூன்று வரியும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்பதால் ஆங்கிலப் பயிற்சிக்கும் குறைவில்லை.

இதைப் படிக்கும் ஆசிரிய நண்பர்கள் மழைக் கதையைத் தத்தம் ஊர்களில் சொல்லிப் பார்க்கலாம். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளிக்கும் அருகிலுள்ள கரிசல் காட்டு மானாவாரி விவசாயிக்கும் அதே மழைதான். சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் உலர்த்துபவருக்கும், செங்கல் சூளையில் பச்சைக்கல் அடுக்கி வைத்திருப்பவருக்கும் அதே மழைதான். பேச்சிப்பாறைப் பிள்ளைகள் எழுதியவற்றை நாங்கள் ஒரு நோட்டில் ஒட்டி வகுப்பிலேயே வைத்திருக்கிறோம். பிற ஊர்ப் பிள்ளைகள் எழுதினால் அவற்றையும் இவர்களுக்கு வாசித்துக் காட்ட ஆசை. உப்பு விளைவிப்பவரின் மகள் மழையைப் பற்றி என்ன எழுதுவாள் என்று அந்தப் பெண்பிள்ளை ஏற்கெனவே கேட்டுவிட்டாள்.