240 படம்

1991 முதல் 1993 வரை கிழக்கு லண்டனில் நடந்த 11 தமிழ்க் கலியாணங்களின் வீடியோவுக்கு நான் தலைப்புப் படம் செய்து கொடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் 60 பவுண் வாங்கினேன். 240 படம் கீறினேன், படத்துக்கு 25 பென்ஸ் என்று கணக்குச் சொன்னேன். உண்மையில் கீறப்பட்ட படம் ஒன்றே ஒன்று. அதையும் நான் கீறவில்லை.

அப்போது எனக்கு 22 வயது. பெற்றோல் செற்றில் இரவு வேலை செய்து சேர்த்த காசில் பழைய அமிகா 500 கொம்பியூட்டர் ஒன்று வாங்கியிருந்தேன். 1989இல் பேட்மேன் விளையாட்டோடு சேர்த்து 399 பவுணுக்கு விற்ற பெட்டி அது. வழக்கமான முறையில் திரையில் 32 நிறம் காட்டும். அந்த 32ஐ 4096 நிறங்களிலிருந்து நாமே பொறுக்கிக்கொள்ளலாம். டான் சில்வா எழுதிய டீலக்ஸ் பெயின்ற் என்ற படம் கீறும் நிரல் இருந்தது. அதன் மூன்றாம் பதிப்பில் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கீறி ஓடவிடும் வசதியும் வந்துவிட்டது. நேர்மையாகச் செய்ய நினைத்தவனுக்கு வழி இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நான் பிடித்த வழி வேறு. அந்தக் கொம்பியூட்டரில் ஒரு புள்ளிக்கு நிறம் கிடையாது, இலக்கம்தான் உண்டு. 20ஆம் இலக்கம் என்ன நிறம் என்பது தனியே ஓர் அட்டவணையில் இருக்கும். அட்டவணையில் 20 முதல் 27 வரையுள்ள நிறங்களை ஒவ்வொரு படியாக நகர்த்திக்கொண்டிருந்தால் படத்தில் ஒரு புள்ளியும் அசையாது. கண்ணுக்கு மட்டும் எல்லாம் ஓடும். கொழும்பில் வெசாக் பந்தல் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மின்குமிழ் இருந்த இடத்திலேயே இருக்கும், வெளிச்சம்தான் ஓடும். என் தலைப்புப் படத்தில் இருந்த குத்துவிளக்கின் சுடரை மஞ்சளும் செம்மஞ்சளுமாக அடுக்கடுக்காக எட்டு இலக்கத்தில் தீட்டினேன். ஓரத்து மின்குமிழ் மாலைக்கு இன்னும் ஆறு. டாப் விசையை அழுத்தினால் சுடர் எழும்பி எழும்பி எரியும், மாலை ஓடும். இந்த அசைவுக்காகக் கோப்பில் எழுதப்படுவது எந்த இலக்கத்திலிருந்து எந்த இலக்கம் வரை, என்ன வேகம், எந்தப் பக்கம் என்பவை மட்டுமே. ஒரு வரிசைக்கு 8 பைட். என்னுடையது இரண்டு வரிசை. ஆக, 16 பைட்டுக்கு 60 பவுண்.

தந்திரத்தில் குற்றமில்லை. அந்த மென்பொருளே அதற்காகத்தான் அதை வைத்திருந்தது. பொய் நான் சொன்ன கணக்கில் இருந்தது.

வீடியோக்காரர் முதல் தடவை பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்கு எத்தினை படம் கீறினனீர்?" என்று கேட்டார். ஒன்று என்று சொல்ல வாய் வரவில்லை. "ஒரு இருநூற்றி நாப்பது வரும் அண்ணை" என்றேன். அவர் என் விரல்களைப் பார்த்து இரங்கியது இன்றும் நினைவிருக்கிறது.

அன்றிரவே ஒரு பயம் பிடித்தது. அவர் வீட்டிலும் ஓர் அமிகா இருந்தது. பெயின்ற் நிரலில் என் கோப்பைத் திறந்து டாப் விசையைத் தட்டினால் கதை முடிந்தது. ஆகவே தானாக ஓடுகிற டிஸ்க் ஒன்று செய்தேன். கொம்பியூட்டரைப் போட்டதும் டிஸ்க்கைப் பிடித்த கையின் படம் திரையில் தெரியும்போது அதைச் செருகினால் போதும். ஸ்டார்ட்டப் சீக்குவென்ஸ் கோப்பில் நான் எழுதிவைத்த வரி ஒரு சின்னக் காட்டி நிரலை எழுப்பும், அது படத்தை ஏற்றி நிறத்தைச் சுற்றவிடும். நடுவில் 0ஆம் இலக்கத்தால் விட்ட கறுப்பு இடத்தில், வீடியோவையும் கொம்பியூட்டர் படத்தையும் சேர்க்கும் ஜென்லொக் பெட்டி வழியாக மணமக்கள் தெரிவார்கள். எல்லோரும் அதைத் திறமை என்றார்கள். அது பூட்டு.

அந்தப் பூட்டும் பொய்யை மறைக்கவில்லை, கணக்குத் தெரிந்தவர் இல்லை என்பதே மறைத்தது. 320க்கு 256 புள்ளியில் 32 நிறப் படம் ஒன்றைச் சுருக்காமல் வைத்தால் 51,200 பைட். 880 கே.பி. டிஸ்க்கில் 17 படம் கொள்ளும். மாறிய இடங்களை மட்டும் சேமிக்கும் அனிம் கோப்பில் சுடரை உண்மையாகவே பல படங்களாகக் கீறி அடக்கியிருக்கலாம். அதற்குச் சில கிழமை இருந்து கீற வேண்டும். எனக்குப் பஞ்சி.

இனி அந்த ஒரு படம். நாங்கள் ஆறு பேர் வாடகைக்கு இருந்த வீட்டின் மேல் அறையில் மாஸ்டர் ஒருவர் இருந்தார். ஊரில் சித்திரம் படிப்பித்தவர். கலண்டர் தாளின் பின்பக்கத்தில், 2பி பென்சிலால், ஒரு குத்துவிளக்கு கீறித் தந்தார். நான் கை ஸ்கானரை அதன்மேல் இழுத்து உள்ளே ஏற்றி, நிறம் தீட்டி, எக்ஸ் விசையால் இடவலம் புரட்டி மறுபக்கத்துக்கும் ஒன்று வைத்தேன். மாஸ்டருக்கு ஒரு பெட்டி தேயிலை வாங்கிக் கொடுத்தேன். படத்தின் அடியில் "கணினி ஓவியம்" என்று போட்டு என் பெயரை எழுதினேன். பிறகு நடந்த பத்துக் கலியாணத்துக்கும் மணமக்கள் பெயரை மாற்றினேன், இந்த வரியை மாற்றவில்லை.

மூன்றாவது கலியாண வீட்டில் கசெற் போட்டபோது மாஸ்டரும் சபையில் இருந்தார். என் முதுகைத் தட்டினார்கள். யார் கீறியது என்று ஒரு அக்கா கேட்டதற்கு நான் சிரித்தேன், அவ்வளவுதான். மாஸ்டர் ரி.வி.க்குக் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு வந்து என் காதோடு சொன்னார்: "ரெண்டு விளக்கும் ஒண்டையொண்டு பாத்துச் சரிஞ்சு நிக்குது. நான் நேராயெல்லோ கீறினனான்." ஸ்கானரை இழுத்தபோது என் கை கோணியிருக்கிறது. அதைப் புரட்டியபோது கோணலும் இரண்டாகியிருக்கிறது. பெயரைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நானும் அடுத்த கலியாணத்துக்கு விளக்கை நிமிர்த்தவில்லை.

1994இல் அவர் மகளிடம் கனடாவுக்குப் போனார். விமான நிலையத்துக்குப் பெட்டி தூக்கிக்கொண்டு போனேன். அந்த நேரத்துக்குள் 660 பவுண் வாங்கி முடித்திருந்தேன். அப்போதும் சொல்லவில்லை.

அந்தக் காலத்துக் கலியாணக் கசெற் உங்கள் வீட்டில் இருந்து, அதன் தொடக்கத்தில் இரண்டு குத்துவிளக்கு உள்நோக்கிச் சரிந்து எரிந்தால், தயவுசெய்து உறையில் எழுதி வையுங்கள்: படம் ஒன்று, கீறியவர் வேறு ஆள்.