அட்டவணை சொன்னதும் வானம் தந்ததும்

வானிலை அறிக்கையைக் கேளாமல் வீட்டைவிட்டுப் புறப்பட முடியாத நாட்டில் நாம் வாழ்கின்றோம். பனி எத்தனை சென்ரிமீற்றர் பொழியும், காற்று எத்திசையிலிருந்து வீசும் என்பனவெல்லாம் எமக்கு மனப்பாடம். ஆனால் வானொலி அலைகளுக்கும் இதனையொத்த ஒரு வானிலை அறிக்கை உண்டென்பதும், அது நாள்தோறும் வெளியிடப்படுகின்றதென்பதும் எம்மவரிற் பலர் அறியாத செய்தி. அந்த அறிக்கை சொல்வதற்கும் உண்மையில் நிகழ்வதற்கும் இடையேயுள்ள தூரத்தைப் பற்றியே இங்கு சில கூற விழைகின்றோம்.

சிற்றலை எமக்குப் புதியதன்று. 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரியோ தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுழற்றி, பிபிசி தமிழோசை கேட்ட தலைமுறை நாம். ஒரு நாள் இலண்டன் அடுத்த வீட்டிலிருந்து பேசுவதுபோல் ஒலிக்கும். மறுநாள் அதே நேரத்தில் அதே குரல் கடலிரைச்சலுள் அமிழ்ந்துவிடும். "ஏன் சேர் இப்படி?" என்று மாணவர் கேட்பர். கலைப் பட்டதாரியான நாம் "இன்றைக்கு வானம் சரியில்லை" என்று சொல்லிப் பாடத்தைத் தொடர்வோம். அந்த மறுமொழி பெருமளவு உண்மையானதே என்பதைக் கனடா வந்து, ஹாம் வானொலி எனப்படும் பொழுதுபோக்கு வானொலித் துறையில் ஈடுபட்ட பின்னரே அறிந்துகொண்டோம்.

நிலத்துக்கு மேல் ஏறத்தாழ 60 கிலோமீற்றருக்கு அப்பால் தொடங்குகிறது அயன்மண்டலம். சூரியனின் புறஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் அங்குள்ள வளியின் அணுக்களைத் தாக்கி மின்னேற்றம் பெறச் செய்கின்றன. அம்மண்டலத்தின் மேற்பகுதியான எஃப் படைதான் சிற்றலையை மீண்டும் நிலத்தை நோக்கி வளைத்து அனுப்புகின்றது. ஒரு துள்ளலில் அதிகபட்சம் 4000 கிலோமீற்றர் வரை செல்லலாம். ரொறன்ரோவிலிருந்து கொழும்பு 14,000 கிலோமீற்றர். ஆகவே எமது குரல் அங்கு போய்ச் சேர நான்கு துள்ளல்களேனும் வேண்டும். அதுவும் கிழக்கே நேராகச் செல்லும் பாதையன்று. உலக உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்தால் அது வடக்கே ஏறி, கிரீன்லாந்தைக் கடந்து, வடதுருவ வட்டத்தினுள் நுழைந்து, ரஷ்யாவின் மேலாக இறங்கி வருகின்றது. வடதுருவ ஒளி தோன்றும் வலயத்தினூடாகவே இப்பாதை செல்வதால், சூரியனின் சிறு சினம்கூட அதனை அடைத்துவிடும்.

இத்துறையின் வரலாறே முன்கணிப்புகளை மீறிய வரலாறு எனலாம். 1901 டிசம்பர் 12ஆம் நாள் மார்க்கோனி நியூபவுண்ட்லாந்தில் இருந்தவாறு இங்கிலாந்தின் கோர்ன்வாலிலிருந்து வந்த சமிக்ஞையைக் கேட்டதாக அறிவித்தபோது, பூமி வளைந்திருக்க அலை எவ்வாறு வந்ததென்று அறிஞர் வியந்தனர். வானொலி அலைகளைத் திருப்பி அனுப்பும் படையொன்று மேல்வளியில் உண்டு என்ற ஊகம் அடுத்த ஆண்டிலேதான் எழுந்தது. 1912இல் அமெரிக்கச் சட்டம் ஹாம் வானொலியாளர்களை 200 மீற்றருக்குக் குறைந்த அலைநீளங்களுக்கு ஒதுக்கி வைத்தது. தொலைதூரத்துக்குப் பயன்படாது என்று கருதப்பட்ட பகுதி அது. 1921 டிசம்பரில் அவர்களின் சமிக்ஞைகள் ஸ்கொட்லாந்தின் ஆட்ரோசனிற் கேட்கப்பட்டன. 1923 நவம்பரில் அமெரிக்காவும் பிரான்சும் இருவழியாக உரையாடின. ஒதுக்கப்பட்டவர்கள் உலகைச் சுற்றும் வழியைக் கண்டுபிடித்தது இவ்வாறுதான்.

இன்றைய முன்கணிப்புகள் ஊகங்கள் அல்ல. சூரியனிலிருந்து வரும் 10.7 சென்ரிமீற்றர் அலையின் வலிமை 1947 முதல் கனடாவிலேயே அளக்கப்பட்டு வருகின்றது. முதலில் ஒட்டாவாவிலும் பின்னர் பிரிட்டிஷ் கொலம்பியாவின் பென்ரிக்ரனிலும் பெறப்பட்ட இவ்வளவையே உலகெங்குமுள்ள வானொலியாளர் நம்பியிருக்கின்றனர். இத்துடன் புவிகாந்தக் குழப்பத்தைக் காட்டும் கே சுட்டெண்ணும் வெளியிடப்படுகின்றது. வொய்ஸ் ஒஃப் அமெரிக்கா ஒலிபரப்பின் தேவைக்காக உருவான வோஆகாப் என்னும் கணினி நிரல், எந்த மாதத்தில், எந்த மணியில், எந்த மீடிறனில், எந்த ஊருக்கு வழி திறக்கும் என்று நூற்றுவீதக் கணக்கில் அட்டவணையிட்டுத் தருகின்றது.

இங்கேதான் கவனம் வேண்டும. வழி திறந்திருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு அறுபது என்று அட்டவணை சொன்னால், அம்மாதத்தின் முப்பது நாட்களிற் பதினெட்டு நாட்கள் திறக்கும் என்பதே பொருள். அந்தப் பதினெட்டு எவை என்பதை அது சொல்வதில்லை. இன்று திறக்குமா என்ற கேள்விக்கு அதனிடம் விடையில்லை. எமது வகுப்பின் சராசரிப் புள்ளி 52 என்று அதிபரிடம் அறிக்கை கொடுத்த நாட்கள் உண்டு. ஆனால் 52 புள்ளி எடுத்த மாணவர் ஒருவரேனும் அவ்வகுப்பில் இருக்கவில்லை. சராசரி பொய்யன்று, எனினும் அதனை அழைத்து வாங்கில் இருத்த முடியாது.

பின்வளவில் இரு மேப்பிள் மரங்களுக்கிடையே கம்பியொன்றைக் கட்டி அன்ரனாவாக்கிய பின், ஒரு கொப்பியை எடுத்து நடுவே கோடிட்டோம். இடப்பக்கம் அட்டவணை சொன்னது. வலப்பக்கம் காது கேட்டது. ஒப்பிடுவதற்கு எமக்குத் துணையானவை வானொலிக் கலங்கரை விளக்கங்கள். உலகின் பதினெட்டு இடங்களில் அமைக்கப்பட்ட நிலையங்கள், 14.100 மெகாஹேர்ட்ஸ் மீடிறனில், மூன்று நிமிடங்களுக்கு ஒரு சுற்றாக, ஆளுக்குப் பத்து விநாடி ஒலிக்கும் திட்டம் அது. 4எஸ்7பி என்னும் அழைப்புக்குறியுடன் இலங்கைக்கும் அதில் ஓரிடம் ஒதுக்கப்பட்டது. மோர்ஸ் குறியீட்டில் நான்கு குறிலும் ஒரு நெடிலுமாகத் தொடங்கும் அந்த அழைப்பு, முதலில் 100 வாற்று வலுவில் வரும். தொடர்ந்து 100, 10, 1, பத்திலொரு வாற்று எனத் தேய்ந்து செல்லும் நான்கு நெடில்கள். எத்தனையாவது நெடில் வரை கேட்கிறதோ அதுவே அன்றைய வானத்தின் தரம்.

மாதக்கணக்கிற் பார்த்தபோது கொப்பியின் இரு பக்கங்களும் வியக்கத்தக்க வகையில் ஒத்துப்போயின. நாள் நாளாகப் பார்த்தபோதோ அவை ஒன்றையொன்று அறியாத இருவர் எழுதியவை போலிருந்தன. 2024 மே 10, 11ஆம் நாட்களில் கே சுட்டெண் உச்ச அளவான 9ஐத் தொட்டது. 2003ஆம் ஆண்டுக்குப் பின் நிகழ்ந்த ஆகப் பெரிய காந்தப் புயல் அது. ஒன்ராறியோவின் தென்பகுதி மக்களும் முற்றத்தில் நின்று வடதுருவ ஒளியைக் கண்டு களித்த அவ்விரவில், நல்ல வாய்ப்பு என்று மாத அட்டவணை குறித்திருந்த வடபாதை எமக்கு முற்றாக ஊமையாயிற்று. ஆண்டுக்கணக்கான முன்கணிப்புகளின் நிலையும் இதுதான். 2019இல் தொடங்கிய இருபத்தைந்தாவது சூரியச் சுழற்சி 2025 யூலையை அண்டி 115 என்னும் உச்சத்தை எட்டும் என்று அறிஞர் குழு கணித்தது. அது 2024 ஒக்ரோபரிலேயே ஏறத்தாழ 161ஐ எட்டியது. சூரியன் அட்டவணையைப் படிப்பதில்லை.

இவற்றினும் முக்கியமானதொன்று உண்டு. அட்டவணை வழி மூடியுள்ளது என்று சொல்கின்றது. அதனைக் கண்ட எவரும் அழைப்பதில்லை. எவரும் அழைக்காததால் எதுவும் கேட்பதில்லை. எதுவும் கேட்காததால் வழி மூடியுள்ளது என்பது மெய்யாகிவிடுகின்றது. மூடிய வானமும், திறந்திருந்தும் எவரும் பேசாத வானமும் காதுக்கு ஒரேவிதமாகத்தான் ஒலிக்கும். 1993இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜோ ரெய்லர் 2008இல் வெளியிட்ட விஸ்பர் என்னும் முறை, மிகக் குறைந்த வலுவில் இடைவிடாது அழைத்தும் கேட்டும் பதிவுசெய்ய வழி செய்தது. மனிதக் காது இரைச்சலையன்றி எதனையும் கேளாத நேரங்களிலும் வழி திறந்திருப்பதை அப்பதிவுகள் காட்டின.

2023 ஒக்ரோபரில் ஒரு நாட்காலை எட்டு மணி. 21 மெகாஹேர்ட்ஸில் இலங்கைக்கான வாய்ப்பு நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு என்றிருந்தது அட்டவணை. அலைவரிசையில் ஓர் அரவமுமில்லை. ஆயினும் இங்கு விடிந்து அங்கு பொழுது சாயும் வேளை வானம் சில நிமிடங்கள் இளகுவதுண்டு என்பதால் பொது அழைப்பு விடுத்தோம். மூன்றாம் அழைப்புக்கு மறுமொழி வந்தது. தென்னிலங்கையின் கரையோர ஊரொன்றிலிருந்து ஒரு முதிய சிங்களப் பெரியவர். ஆங்கிலத்தில் அளவளாவினோம். அங்கு மழை என்றார். இங்கு இலைகள் சிவந்துவிட்டன என்றோம். எமது உச்சரிப்பைக் கொண்டு, பிறந்த ஊர் எது என வினவினார். யாழ்ப்பாணம் என்றோம்.

அதன்பின் இரைச்சல் மட்டுமே கேட்டது. வானம் மங்கியதா, அவர் மௌனமானாரா என்பதைச் சொல்லும் கருவி எம்மிடம் இருக்கவில்லை. நாட்டைவிட்டு வந்து கால் நூற்றாண்டாக அத்தீவின் தென்பகுதியிலிருந்து ஒருவருடன் நாம் பேசியதில்லை. பேசினால் என்ன நிகழும் என்பது குறித்து மனத்தில் ஓர் அட்டவணை எப்போதோ எழுதப்பட்டிருந்தது. ஒலிவாங்கியை அணைத்துவிடாமல் இருந்தோம். ஒரு நிமிடத்தின் பின் அவரது குரல் மேலெழுந்து வந்தது. கடைசி வாக்கியம் கேட்கவில்லை, ஊரை மீண்டும் சொல்லுங்கள் என்றார். சொன்னோம். இளமையில் அங்கு வேலை பார்த்ததாகவும், கோடையில் அவ்வூர் மாம்பழத்தை மறக்க முடியாதென்றும் கூறினார். அரசியல் பேசலாகாதென்பது இத்துறையின் மரபு; இருவரும் அதனைக் காத்தோம். விடைபெறும்போது அவர் "வணக்கம்" என்றார். நாம் "ஆயுபோவன்" என்றோம். சில நிமிடங்களில் வழி மூடிக்கொண்டது. கொப்பியின் வலப்பக்கத்தில் அழைப்புக்குறியையும் நேரத்தையும் எழுதினோம். இடப்பக்கத்தில் நின்ற எண்ணை அவ்வாறே விட்டோம்.

அட்டவணையைக் கைவிடும்படி நாம் சொல்ல வரவில்லை. எந்த மாதத்தில், எந்த மணியில் காத்திருப்பது பயன் தரும் என்பதை அதனைவிடச் சிறப்பாகச் சொல்ல எவராலும் இயலாது. ஆனால் காத்திருப்பதும் அழைப்பதும் எமது வேலை. அதனை எந்த அட்டவணையும் எமக்காகச் செய்வதில்லை.

ஆர்வமுள்ள இளையோர்க்கு ஒரு வார்த்தை. கனடாவில் அடிப்படை அனுமதிக்கான தேர்வு நூறு வினாக்களைக் கொண்டது. எழுபது புள்ளி பெற்றால் சித்தி. எண்பது பெற்றால் சிற்றலையிற் பேசவும் அனுமதி கிட்டும். கலைப் பட்டதாரிக்கு எட்டியது, உயர்தரத்தில் பௌதிகவியல் பயிலும் பிள்ளைகளுக்கு எட்டாதா? கேட்க மட்டும் விரும்புவோர்க்கு அனுமதியே வேண்டியதில்லை. ஒற்றைப் பக்கப்பட்டை வசதியுள்ள ஒரு சிற்றலைப் பெட்டி போதும். 14.100இல் வைத்து மூன்று நிமிடம் பொறுத்திருங்கள். எதுவும் கேளாவிடின், நாளையும் வைத்துப் பாருங்கள்.