சிறிய அவை

1959 சனவரியில் சி. சு. செல்லப்பா 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கியபோது விசித்திரமான ஓர் அறிவிப்பையும் வெளியிட்டார். 2000 பிரதிகளுக்கு மேல் அச்சிடப்போவதில்லை. கடைகளில் தனிப்பிரதி கிடைக்காது. சந்தாதாரர்களுக்கு மட்டுமே இதழ் போகும். இதுதான் அதன் சாரம். பத்திரிகை தொடங்குகிற எவரும் குறைந்தது இத்தனை பேரையாவது எட்டவேண்டும் என்றுதான் கணக்குப் போடுவார்கள். செல்லப்பா, இத்தனை பேருக்கு மேல் வேண்டாம் என்று கணக்குப் போட்டார். (அந்த உச்சவரம்பை 'எழுத்து' கடைசிவரை தொடவே இல்லை என்பது வேறு விஷயம். தொடாமலேயே 1970 வரை 119 இதழ்கள் வந்தன.)

இதை அவருடைய பிடிவாதங்களில் ஒன்று என்று சொல்லிக் கடந்துபோவது நம் வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தச் சில நூறு சந்தாதாரர்களுக்குள்ளிருந்து எத்தனை பேர் எழுத வந்தார்கள் என்று பாருங்கள். திருகோணமலையிலிருந்து இருபது வயதை ஒட்டிய தருமு சிவராமு கவிதைகள் அனுப்புகிறார். பின்னாளில் பிரமிள் என்று நாம் அறிந்தவர். வடக்கே அரசுப் பணியில் இருந்த வெங்கட் சாமிநாதன் ஒரு வாசகராக உள்ளே வந்து, விமர்சகராக நிலைபெறுகிறார். நாகர்கோவிலிலிருந்து சுந்தர ராமசாமி, பசுவய்யா என்ற பெயரில் கவிதை எழுதுகிறார். சி. மணி, எஸ். வைத்தீஸ்வரன், தி. சோ. வேணுகோபாலன் என்று வரிசை நீள்கிறது. 1962-இல் செல்லப்பா தொகுத்த 'புதுக்குரல்கள்' நூலில் 24 கவிஞர்களின் 63 கவிதைகள் இருந்தன. சில நூறு பேர் படித்த ஓர் இதழிலிருந்து 24 கவிஞர்கள்! அதே ஆண்டுகளில் லட்சக்கணக்கில் விற்ற வார இதழ்களில் இந்த விகிதம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். அங்கும் ஆற்றல் உடைய வாசகர்கள் இருந்திருப்பார்கள். ஆனால், தான் எழுதாவிட்டால் அடுத்த மாத இதழ் மெலிந்துவிடும் என்ற எண்ணம் அவர்களில் யாருக்கும் வந்திருக்க வாய்ப்பில்லை. 'எழுத்து'வின் வாசகருக்கு அந்த எண்ணம் வந்தது. அது வெறும் பிரமையும் அல்ல, உண்மையிலேயே மெலிந்துதான் போயிருக்கும்.

இதைப் பற்றி அண்மைக் காலமாக அதிகம் யோசிக்கவேண்டிய கட்டாயம் எனக்கு ஏற்பட்டிருக்கிறது. காரணங்கள் இரண்டு. ஒன்று, சேலையூரில் நண்பர் ஒருவரின் மொட்டைமாடியில் மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறு நாங்கள் நடத்திவரும் இலக்கியச் சந்திப்பு. இன்னொன்று, நான் பணிபுரியும் கல்லூரியின் முதுகலைத் தமிழ் வகுப்பு. இரண்டையும் பற்றி ஏறக்குறைய ஒரே கேள்வி ஒரே பருவத்தில் எழுந்தது: இவ்வளவு குறைவான பேருக்காக இதை நடத்தத்தான் வேண்டுமா?

சந்திப்புக்கு வழக்கமாகப் பத்திலிருந்து பதினைந்து பேர் வருவார்கள். ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர், மருந்துக்கடை வைத்திருப்பவர், பள்ளி ஆசிரியைகள் இருவர், சானடோரியம் பக்கம் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு எழுதும் ஓர் இளைஞர், இன்னும் சிலர். ஒரு சிறுகதையையோ நாவலின் ஒரு பகுதியையோ எல்லோரும் படித்துவிட்டு வரவேண்டும் என்பதைத் தவிர விதி எதுவும் கிடையாது. படிக்காமல் வந்தால் தெரிந்துவிடும். வராவிட்டாலும் தெரிந்துவிடும். 'போன மாதம் ஏன் காணோம்?' என்று மருந்துக்கடைக்காரர் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தே வருகிறவர்களும் உண்டு.

சென்ற ஆண்டு நண்பர்கள் சிலர் விருப்பப்பட்டு, மூத்த எழுத்தாளர் ஒருவரை அழைத்து மேற்குத் தாம்பரத்தில் ஒரு மண்டபத்தில் கூட்டம் நடத்தினோம். நூற்றைம்பது பேர் வந்தார்கள். ஒலிபெருக்கி, பொன்னாடை, முன்வரிசை எல்லாம் இருந்தன. எழுத்தாளரும் நன்றாகவே பேசினார். கேள்வி நேரம் என்று அறிவித்ததும் மண்டபம் உறைந்துவிட்டது. கடைசியில் இருவர் எழுந்தார்கள். ஒருவர் கேள்வி கேட்காமல் தன் கவிதையைப் படித்தார். இன்னொருவர் நன்றி சொன்னார். மொட்டைமாடியில் அதே எழுத்தாளரின் கதையை முந்தைய மாதம்தான் இரண்டரை மணி நேரம் அலசியிருந்தோம். அங்கே சூடாக வாதாடிய ஆசிரியை ஐந்தாவது வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏன் கேட்கவில்லை என்று பிறகு கேட்டேன். "அவ்வளவு பேர் இருந்தாங்களே சார், யாராவது கேப்பாங்கன்னு நினைச்சேன்" என்றார்.

இந்த 'யாராவது' என்பவர்தான் எல்லாப் பெரிய கூட்டங்களிலும் தவறாமல் ஆஜராகிறார். குளத்தில் வீட்டுக்கு ஒரு குடம் பால் ஊற்றச் சொன்ன அரசனின் கதையை நாம் அறிவோம். விடிந்தபோது குளம் நிறையத் தண்ணீர் இருந்தது. மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் இதையே கயிறு இழுக்கவிட்டு அளந்தார். 1913-இல் வெளியான அவருடைய ஆய்வின்படி, எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது ஒவ்வொருவரும் தம் தனி வலிமையில் ஏறத்தாழப் பாதியையே செலுத்தினார்கள். எல்லோரும் ஒரே கணத்தில் இழுக்காததால் வரும் இழப்பாகவும் இது இருக்கலாம் அல்லவா? அந்த ஐயத்தைத் தீர்க்க 1974-இல் அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். ஒருவரின் கண்ணைக் கட்டி, பின்னால் ஆட்கள் இழுக்கிறார்கள் என்று நம்பவைத்துத் தனியாக இழுக்கவிட்டார்கள். பின்னால் ஒருவரும் உண்மையில் இழுக்கவில்லை. இருந்தும் அவர் குறைத்துத்தான் இழுத்தார். ஊர் கூடித் தேர் இழுப்பதை ஒற்றுமைக்கு உவமையாகச் சொல்லிச் சொல்லி நமக்கு வாய் பழகிவிட்டது. வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நகர்ந்துவிடுகிறவர்களை எந்த உவமையிலும் நாம் சேர்ப்பதில்லை.

ஆனால் சோம்பலை மட்டும் காரணமாகச் சொல்லி முடித்துவிட முடியாது. அச்சமும் இருக்கிறது. வள்ளுவர் பொருட்பாலில் அவையறிதல், அவையஞ்சாமை என்று அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்களையே இதற்கு ஒதுக்கியிருக்கிறார். அவற்றில் என்னைக் கவர்வது, அவையின் அளவை அவர் பொருட்படுத்தவே இல்லை என்பது. அவையில் இருப்பவர்கள் எத்தகையவர்கள் என்பதைத்தான் பார்க்கிறார். என் வகுப்பறை அனுபவமும் இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. வணிகவியல், கணினி மாணவர்களுக்கு நான் எடுக்கும் பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் எழுபது பேர். அங்கே மௌனம் எதிர்பார்க்கக்கூடியது. முதுகலை வகுப்பில் ஒன்பதே பேர். அங்கே ஒன்பது பேரும் பேசவேண்டும் அல்லவா? நான்கு பேர்தான் பேசுவார்கள். மற்ற ஐவருக்கு அந்த அறை சிறியது அல்ல. ஒன்பது பேரும் ஒருவரையொருவர் இரண்டு ஆண்டுகள் தினமும் பார்க்கவேண்டும். இன்று தவறாகச் சொன்ன ஒரு சொல் பட்டமளிப்பு நாள்வரை கூடவே வரும். எழுபது பேருக்கு நடுவே உளறினால் மறந்துவிடுவார்கள். எட்டுப் பேருக்கு முன்னால் உளறினால் பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள். சிறிய கூட்டத்தின் ஞாபகசக்தி பெரியது. சிற்றிதழ்ச் சண்டைகளின் வரலாற்றைப் படித்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

எனவே எண்ணிக்கை தன்னளவில் எதையும் செய்வதில்லை என்றே நினைக்கிறேன். தான் இல்லாவிட்டால் குறை தெரியும் என்ற உணர்வும், தன்னைவிட அதிகம் பேச உரிமை உள்ளவர் என்று ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்காத நிலையும் சேரும் இடத்தில்தான் மனிதர்கள் வாய் திறக்கிறார்கள். முதலாவது சிறிய கூட்டத்தில் தானாகவே அமைந்துவிடுகிறது. இரண்டாவதை நாம்தான் பார்த்துப் பார்த்து அமைக்கவேண்டும். எழுபது பேர் வகுப்பை ஏழேழு பேராகப் பிரித்து, நான் வராந்தாவில் நின்றுகொண்டால், உள்ளே சந்தைக்கடைச் சத்தம். முதுகலை மாணவர்களோடு நானும் வட்டமாக அமர்ந்தால் அமைதி.

இலக்கியத்துக்கு வெளியேயும் இதே கதைதான். 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்ற 5 நகராட்சிகளையும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை என்ற 5 பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானது. மொத்தம் 70 வார்டுகள். இவ்வளவு பெரிதாக ஆக்கிய மறு ஆண்டே அதைச் சிறிதாக்கும் ஏற்பாடும் தேவைப்பட்டது. 2022 நவம்பர் 1 அன்று முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. பம்மலில் நடந்ததில் முதலமைச்சரே கலந்துகொண்டார். வார்டையும் பல பகுதிகளாகப் பிரித்து, அந்தந்தப் பகுதியினர் கூடிப் பேசுவது என்பது திட்டம். இது புதிய யோசனை அல்ல. இங்கிருந்து தெற்கே உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஓர் ஊரை 30 குடும்புகளாகப் பிரித்துக் குடும்புக்கு ஒருவரைக் குடவோலையில் தேர்ந்தெடுத்த முறையைச் சொல்கின்றன. ஊரையே ஒரே அவையாக வைத்தால் பேசுகிறவர்களே பேசிக்கொண்டிருப்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்ததோ என்னவோ.

கல்லூரியில் முதுகலை வகுப்பைப் பற்றிய கேள்வி இன்னும் முடிவாகவில்லை. பத்துப் பேருக்குக் குறைந்தால் நடத்துவது சிரமம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆசிரியர் ஊதியத்தை மாணவர் எண்ணிக்கையால் வகுத்து ஒரு தாளும் தந்தார்கள். கணக்கு சரியானதுதான். ஆனால் அந்தத் தாளில் இடமில்லாத ஒன்றும் உண்டு. அந்த ஒன்பது பேரில் ஆறு பேர் அவர்கள் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். ஒருத்தி மூன்றாம் பருவத்தில்தான் முதன்முதலாக ஒரு கேள்வி கேட்டாள். அறுபது பேர் வகுப்பில் அவள் அதுவும் கேட்டிருக்க மாட்டாள். கேட்கவில்லை என்பதும் எனக்குத் தெரிந்திருக்காது. இதைத் துறைக் கூட்டத்தில் சொன்னேன். குறித்துக்கொண்டார்கள்.

சந்திப்பைப் பற்றிய கேள்விக்கு விடை வேறு விதமாக வந்தது. மண்டபக் கூட்டத்துக்குப் பிறகு இருபத்தைந்து, முப்பது பேர் வரத் தொடங்கினார்கள். நாற்காலி போதவில்லை, ஓர் அமைப்பாகப் பதிவுசெய்து மண்டபத்துக்கே மாறிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். ரயில்வே ஊழியர் மறுத்தார். கூட்டம் பெருத்த மூன்று மாதங்களாகக் கதையைப் படிக்காமல் வருகிறவர்கள் கூடிவிட்டார்கள் என்பது அவருடைய வாதம். செங்கல்பட்டு வண்டியைப் பிடிக்க எட்டு மணிக்கே எழுந்து போகிறவர்கள் எப்போதும் பாதிப் பேச்சில் போகிறார்கள், அவர்களுக்கு அவர்கள் ஊரிலேயே ஒரு சந்திப்பு இருக்கட்டும் என்றார். அப்படித்தான் ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் நண்பர்களுக்காகக் கூடுவாஞ்சேரியில் ஒரு தனிப்பயிற்சி நிலைய அறையில் தனிச் சந்திப்பு தொடங்கியது. முதல் மாதம் ஏழு பேர்.

முதல் இரண்டு கூட்டங்களுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். பேராசிரியர் என்பதால் என்னைப் பேச்சைத் தொடங்கிவைக்கச் சொன்னார்கள், தொடங்கிவைத்தேன். ஒவ்வொருவரும் பேசி முடித்ததும் சரிதானா என்பதுபோல் என் முகத்தைப் பார்த்தார்கள். மூன்றாம் மாதம் என்னை அழைக்கவில்லை. கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' கதையை எடுத்துக்கொண்டு இரவு பத்துமணிவரை பேசினார்களாம்.