கோடைக் கடலும் தூண்டிற் கணக்கும்

மீன் பிடித்தல் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது என்று பலரும் சொல்லக் கேட்கிறோம். தூண்டில் வெறுமையாய்த் திரும்பினால், காலையில் எதிர்ப்பட்டவர் முகத்தின்மீது பழி விழுகிறது. கனத்துத் திரும்பினால் அது கைராசி என்று பெயர் பெறுகிறது. காரணம் விளங்காத இடத்திலெல்லாம் ராசியைக் கொண்டுவந்து உட்கார வைப்பது மனிதனுடைய பழைய வழக்கம். ஆனால், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குக் கரையிலே, பசிபிக் கடலோரமாகக் கோடைதோறும் நடைபெறும் விளையாட்டு மீன்வேட்டையை ஒருவர் சற்று ஊன்றிக் கவனிப்பாராயின், ராசிக்கு அங்கு எவ்வளவு சிறிய இடம் உண்டு என்பதையும், நேர்மையான கணக்குக்கு எவ்வளவு பெரிய வேலை உண்டு என்பதையும் காண்பார்.

விளையாட்டு மீன்வேட்டை என்பது விற்பதற்காகப் பிடிப்பதன்று. அவ்வாறு பிடித்த மீனை விற்பது அங்கே குற்றம். தானும் தன் வீட்டாரும் உண்பதற்காகவும், பொழுதுபோக்குக்காகவும், உரிமைச் சீட்டு வாங்கிக்கொண்டு தூண்டில் போடுகிறவர்கள் பல லட்சம் பேர். கலிபோர்னியாவின் தென்பகுதியில் உள்ள சாந்தா காட்டலினாத் தீவில், 1898-ஆம் ஆண்டில் சார்லஸ் பிரெடெரிக் ஹோல்டர் என்பவர் 183 ராத்தல் எடையுள்ள சூரை மீன் ஒன்றைத் தூண்டிற்கோலாலேயே பிடித்து, அதன் பின் ஒரு சங்கத்தையும் நிறுவினார். மீனுக்குத் தப்பும் வாய்ப்பு இருத்தல் வேண்டும், மெல்லிய நூலைக் கொண்டே அதனை வெல்லுதல் வேண்டும் என்பது அச்சங்கத்தார் வகுத்த முறை. செல்வர்களின் விளையாட்டாக அன்று தொடங்கியது, நாளடைவில் தொழிலாளரும் கடைச் சிப்பந்திகளும் கூட்டாகக் கட்டணம் செலுத்திப் படகேறும் பொது விளையாட்டாயிற்று.

இனி அக்கடலின் இயல்பைப் பார்ப்போம். கோடை என்றவுடன் வெதுவெதுப்பான நீரையே நாம் எண்ணுகிறோம். சான் பிரான்சிஸ்கோவுக்கு வெளியே உள்ள கடலோ நடுக்கோடையிலும் கையை வைத்தால் விறைக்கும். அதன் வெப்பம் பெரும்பாலும் பாரன்ஹீட் அளவையில் 50 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையிலேயே நிற்கும். இதற்குக் காரணம் காற்று. வசந்தத்திலும் கோடையிலும் வடமேற்குக் காற்று கரையை ஒட்டியே தெற்கு நோக்கி வீசுகிறது. பூமி சுழல்வதால், காற்றினால் தள்ளப்படும் மேல்நீர் நேரே தெற்கே போகாமல் வலப்புறமாக விலகி, கரையைவிட்டு ஆழ்கடலை நோக்கி ஓடுகிறது. அது விட்டுச்சென்ற இடத்தை நிரப்ப, அடியிலுள்ள குளிர்ந்த நீர் மேலெழுகிறது. அந்நீரோ வெறும் நீரன்று. கடலடியில் மக்கிய உயிர்ப்பொருள்களின் சத்தெல்லாம் அதிலே கரைந்து கிடக்கிறது. கழனிக்கு எரு எப்படியோ, அப்படியே கடலுக்கு அந்நீர். வெயில் பட்டவுடன் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் பெருகுகின்றன. அவற்றைத் தின்று கிரில் என்னும் சிற்றிறால் போன்ற உயிர்கள் பெருகுகின்றன. அவற்றை நெத்திலியும் மத்தியும், அவற்றையெல்லாம் பெரிய மீன்களும் தொடர்கின்றன. அக்குளிர்ந்த நீரின்மேல் ஈரக்காற்று படிந்து மூடுபனியாகிறது. ஊரை மறைக்கும் அப்பனியை வெறுப்பவர்கள், அதுவே தங்கள் சோற்றுத் தட்டில் மீனாக வருகிறது என்பதை எண்ணுவதில்லை.

ஒவ்வொரு மீனுக்கும் ஒரு நீர், ஓர் ஆழம், ஒரு காலம் உண்டு. சினூக் என்னும் பெரிய சால்மன் மீன், கிரிலும் நெத்திலியும் திரண்ட குளிர்நீரிலே இருக்கும். ஹாலிபட் என்னும் தட்டை மீன், நம் எருமை நாக்கைப் போல மணலிற் பதுங்கிக் கிடந்து மேலே போகும் இரையைப் பாய்ந்து பிடிக்கும். ராக்பிஷ் என்று பொதுப்பெயர் பெற்ற பல நிற மீன்கள் கடலடிப் பாறையிடுக்குகளைவிட்டு நெடுந்தூரம் அகலா. அல்பக்கோர் என்னும் சூரையோ குளிரை விரும்பாது. கோடையின் பிற்பகுதியில், ஏறக்குறைய 60 பாகையை ஒட்டிய நீலநீர் கரையை எத்தனை மைல் நெருங்குகிறதோ, அதைப் பொறுத்தே அது அகப்படுவதும் அகப்படாததும். ஆகவே படகோட்டிகள் புறப்படுமுன் பார்ப்பது பஞ்சாங்கத்தை அன்று; காற்றின் வேகத்தையும் நீரின் வெப்பத்தையும் அலையின் உயரத்தையுமே பார்க்கிறார்கள்.

2022-ஆம் ஆண்டுக் கோடையில் அத்தகைய படகொன்றில் நானும் ஒரு நாள் சென்றேன். விடியுமுன் ஏறினோம். உடன் வந்தவர்களில் ஒருவர் காலையுணவுக்காக வாழைப்பழம் இரண்டு வைத்திருந்தார். அதைக் கண்டதும் படகுப் பணியாளர் முகம் சுளித்து, படகில் வாழைப்பழம் இருந்தால் மீன் கடிக்காது என்று சொல்லி, அதைக் கரையிலேயே விடச் செய்தார். அக்கரையோர மீன்பிடிகாரரிடையே இது பரவலான நம்பிக்கையாம். பூனை குறுக்கே போனால் திரும்பி வரும் நம்மவரைக் கண்டு நகைக்கும் மேல்நாட்டாருக்கும் ஒரு பூனை உண்டு. அது மஞ்சள் நிறமாகத் தோலுரிக்கத்தக்கதாக இருக்கிறது, அவ்வளவே! வேடிக்கை என்னவென்றால், அதே படகின் தலைவர் நாள் முழுவதும் கடல் வெப்பத்தைக் காட்டும் கருவியிலும், ஆழத்தில் திரளும் நெத்திலிக் கூட்டத்தைக் காட்டும் கருவியிலுமே கண்ணாயிருந்தார். பழத்தை விலக்கியது மரபு; மீனைக் கண்டுபிடித்தது அறிவு.

அன்று எனக்கு அகப்பட்டவை இரண்டு சால்மன். முதலாவது சிறியது. அளவுகோலில் வைத்துப் பார்த்து, சட்டம் குறித்த 20 அங்குலத்தை எட்டவில்லையென்று உடனே நீரில் விடப்பட்டது. தூண்டில் முள்ளில் எதிர்முள் இருத்தல் கூடாது என்பது சால்மன் வேட்டையின் விதி. ஆதலால் அதனை வருத்தாமல் கழற்ற முடிந்தது. கரைக்குத் திரும்பியதும் ஓர் இளம் பெண்மணி, அரசாங்கத்தின் மீன் துறையைச் சார்ந்தவர், கையில் ஏட்டுடன் காத்திருந்தார். எத்தனை பேர் சென்றீர்கள், எத்தனை மீன், எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். முதுகின் பின்புறத்தில் இருக்கவேண்டிய கொழுப்புத் துடுப்பு வெட்டப்பட்டிருந்த மீன்களின் தலைகளை மட்டும் கேட்டு வாங்கினார். மீன்குஞ்சு வளர்ப்பகங்களில் குஞ்சுகளின் மூக்கினுள் ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள குறியிட்ட கம்பித் துணுக்கைச் செலுத்தி, அடையாளமாக அத்துடுப்பை வெட்டி விடுகிறார்கள். தலையைப் பிளந்து துணுக்கைப் படித்தால், அம்மீன் எந்த ஆற்றைச் சார்ந்தது, எந்த ஆண்டு விடப்பட்டது என்பது விளங்கும். ஒரு மனிதனுடைய பொழுதுபோக்கு ஒரு நாட்டின் கணக்கேட்டில் ஒரு வரியாக மாறுவதை அங்கே கண்டேன்.

இக்கணக்கினால் பயன் என்ன என்று கேட்கலாம். ராக்பிஷ்களின் வரலாறே விடை. அவற்றுள் சில வகைகள் நூறாண்டுக்கு மேலும் வாழ்வன. மெல்ல வளர்ந்து, காலந்தாழ்த்தே இனம் பெருக்குவன. வரைமுறையின்றிப் பிடித்ததனால் 2000-ஆம் ஆண்டையொட்டிப் பல வகைகள் மிகவும் குன்றிவிட்டன. பரந்த கடற்பகுதிகள் மூடப்பட்டன, அளவுகள் குறைக்கப்பட்டன. ஆழத்திலிருந்து இழுக்கப்படும் இம்மீனின் காற்றுப்பை விரிந்து, விட்டாலும் மூழ்க மாட்டாமல் மிதந்து சாகும். ஆகவே அதனைக் கவ்விக் கீழே கொண்டுபோய் விடும் எளிய கருவி ஒன்றைப் படகுகளில் வைத்திருத்தல் வேண்டுமென ஆரிகன் மாநிலம் சட்டமியற்றிற்று. பல்லாண்டுப் பொறுமைக்குப் பின் 2015-இல் கனேரி, 2017-இல் பொக்காச்சியோ, 2019-இல் கௌகாட் என ஒவ்வொரு வகையாக மீண்டுவிட்டதென அறிவிக்கப்பட்டது. எவருடைய வேண்டுதலாலும் அன்று; கையை அடக்கியதனால் மீண்டன.

சால்மன் மீனின் கதை இவ்வளவு எளியதன்று. அது ஆற்றிலே பிறந்து, கடலிலே வளர்ந்து, பெரும்பாலும் மூன்றாம் வயதில் பிறந்த ஆற்றுக்கே திரும்பி, முட்டையிட்டு மாள்வது. ஆகவே கடலிலே தூண்டில் போடுவோர் எவ்வளவு நல்லொழுக்கமாய் நடந்தாலும், ஆறு கெட்டால் மீன் கெடும். சாக்ரமென்டோ ஆற்றின் குறுக்கே 1945-இல் கட்டி முடிக்கப்பட்ட ஷாஸ்தா அணை, மலைமேலுள்ள குளிர்நீரிலிருந்து மீனைப் பிரித்தது. வின்னமெம் விண்டு என்னும் பழங்குடி மக்களின் நிலத்தில் பெரும்பகுதியும் அதன் நீரில் மூழ்கிற்று. அணைக்குக் கீழே, முட்டைகள் பிழைக்க நீர் ஏறக்குறைய 56 பாகைக்கு மேற்படாதிருத்தல் வேண்டும். 2020 முதல் 2022 வரை நிலவிய கடும் வறட்சியில் ஆறு சுருங்கிச் சூடேறிற்று. 2022-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் சாக்ரமென்டோவுக்குத் திரும்பிய முதிர்ந்த சினூக் மீன்கள் ஏறத்தாழ 62,000. திரும்பவேண்டிய குறைந்த அளவோ 122,000. நான் படகேறிய அந்தக் கோடையிலேயே ஆறு வெறுமையாகிக்கொண்டிருந்தது. கடலின் மேல் அதற்கு ஓர் அறிகுறியும் இல்லை.

1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த பசிபிக் மீன்வள அவை, ஆண்டுதோறும் வசந்தத்தில் பொதுமக்கள் முன்னிலையில் கூடிப் பருவத்தை முடிவு செய்கிறது. 2023-இல் கலிபோர்னியாவின் கடலில் சால்மன் வேட்டையை, விளையாட்டுக்கும் விற்பனைக்கும் ஒருங்கே, அவ்வவை மூடிற்று. 2024-லும் மூடிற்று. முன்னர் 2008, 2009 ஆண்டுகளிலும் ஏறக்குறைய முழுவதும் மூட நேர்ந்ததுண்டு. இது யாரைத் தாக்கிற்று? செல்வர் வேறு கடலுக்குப் போய் வேறு மீனைப் பிடிக்கலாம். படகையே வாழ்வாகக் கொண்டவரின் நிலை வேறு. என்னை அழைத்துச் சென்ற படகுத் தலைவர் பின்னர் எழுதிய கடிதத்தில், திமிங்கலம் பார்க்க வருவோரையும், இறந்தோரின் சாம்பலைக் கடலில் தூவ வருவோரையும் ஏற்றிச்செல்வதாகவும், பணியாளர் இருவருள் ஒருவரை நிறுத்த நேர்ந்ததாகவும் குறித்திருந்தார். ஆயினும் மூடியது தவறென்று அவர் எழுதவில்லை. ஆற்று நீரைப் பங்கிடுகிறவர்களும் எங்களைப் போல் ஓர் ஆண்டு கையை மடக்கியிருந்தால் என்ன என்றே கேட்டிருந்தார். வடக்கே கிளாமத் ஆற்றங்கரையில் வாழும் யூரோக் பழங்குடியினரும் 2023-இல் தங்கள் சால்மன் திருவிழாவையே சால்மன் இன்றி நடத்தினார்கள். எளியவன் தியாகம் செய்கிறான். வலியவன் வாய்க்காலைத் திறந்து விடுகிறான். இந்நீதியைக் கேள்வி கேளாத எந்தச் சீர்திருத்தமும் அரைச் சீர்திருத்தமே.

பொழுதுபோக்குக்காக ஓர் உயிரைக் கொல்லுதல் முறையா என்னும் வினாவும் உண்டு. புலால் உண்ணாதவர் கேட்டால் அதற்கு மதிப்புண்டு. கடையில் மீன் வாங்கி உண்போர், தம் கையால் பிடித்து, எண்ணி, அளந்து, சிறியதை விட்டு, பிடித்ததைச் சமைத்து உண்பவரைப் பழித்தல் பொருந்தாது. விளையாட்டு என்பது அளவை மீறும்போதே கொடுமையாகிறது. அளவு எது என்பதைக் கணக்கே காட்டுகிறது.

கிளாமத் ஆற்றைத் தடுத்திருந்த நான்கு அணைகள், பழங்குடி மக்களின் பல்லாண்டுப் போராட்டத்தால் 2024-இல் அகற்றி முடிக்கப்பட்டன. அவ்வாண்டு அக்டோபரிலேயே, 1912 முதல் சால்மன் காணாதிருந்த ஆரிகன் பகுதிக் கிளையாற்றில் மீன் ஏறிற்று. மீன் வழியை மறக்கவில்லை. வழியைத்தான் மனிதன் அடைத்து வைத்திருந்தான். கலிபோர்னியக் கடலும் 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7, 8 ஆகிய இரண்டே நாட்கள், கோடைக்கு 7,000 மீன் என்னும் அளவுடன், தூண்டிற்காரருக்குத் திறக்கப்பட்டது. விற்பனைக்குப் பிடிப்போருக்கு மூன்றாம் ஆண்டும் மூடியே இருந்தது. இரண்டு நாளாவது கிடைத்ததே என்று மகிழ்ந்தவரும் உண்டு. இரண்டு நாள்தானா என்று வருந்தினவரும் உண்டு. அந்த இரண்டு நாளைத் தந்தது ராசியன்று. துறையிலே ஏட்டுடன் நின்று எண்ணினவர்களும், எண்ணியதை மறைக்காமல் சொன்னவர்களும், சொன்னதைக் கேட்டுக் கையை மடக்கினவர்களுமே அதைத் தந்தார்கள். கடலை வணங்குவது எளிது. கடலுக்குக் கணக்குக் காட்டுவது அரிது. அரியதைச் செய்யும் மக்களுக்கே நாளைக்கும் மீன் உண்டு என்பதை அன்பர்கள் சிந்திப்பார்களாக.