நாலரை மணிக்குள் ஒரு கடற்கரை

வியாழக்கிழமை

செங்கல்பட்டில் கொளவாய் ஏரிக் காற்று வந்து போகும் தெரு. அங்கே குடியிருக்கும் தாத்தா முப்பது வருஷத்துக்கு மேல் ரயிலில் கார்டாக இருந்தவர். வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை நிமிஷம் தாமதம் என்று எழுதியே பழகிய கை. ஓய்வுபெற்ற பிறகும் அது டைரியை விடவில்லை. தை பிறந்த வாரத்தில் அந்த டைரியின் நான்கு பக்கங்களை ஒரே விஷயம் அடைத்துக்கொண்டது. பேத்தி வருகிறாள், கப்பலில்.

பேத்திக்கு இரண்டு வயது மூன்று மாதம். சிங்கப்பூரிலிருந்து அப்பா அம்மாவோடு உல்லாசக் கப்பலில் வருகிறாள். சனிக்கிழமை காலை 8 மணிக்குச் சென்னைத் துறைமுகம். மாலை 4.30க்குள் எல்லோரும் ஏறிவிட வேண்டும், 5 மணிக்குக் கப்பல் கிளம்பிவிடும்.

“அப்போ வீட்டுக்கு வரமாட்டாளா?” பாட்டியின் முதல் கேள்வி அதுதான்.

“அம்மா, இத்தனை நாளா கார்ப்பெட்லயே நடக்குறா. எங்கயாவது மண்ணுல விடணும்மா” என்றாள் மகள், போனில்.

அதில் நியாயம் இருந்தது. கப்பலில் நீச்சல் குளம் உண்டு, ஆனால் டயப்பர் கட்டிய குழந்தையை அதில் இறக்க அனுமதி இல்லை. சுகாதார விதி, பெரும்பாலான கப்பல்களில் அப்படித்தான். குழந்தைகளுக்கென்று தனி மன்றமும் உண்டு. அதில் சேர மூன்று வயது முடிந்திருக்க வேண்டும், கழிப்பறைப் பழக்கமும் வந்திருக்க வேண்டும். ஆக, கப்பலில் இருக்கிற வேடிக்கைகளில் பாதிக்கு மேல் இரண்டு வயதுக்காரிக்கு மூடிய கதவு. கரையில் கிடைக்கிற அந்த ஏழெட்டு மணி நேரம்தான் அவளுக்கு உண்மையான பயணம்.

கப்பல்காரர்களே கரைச்சுற்றுலா ஒன்று வைத்திருந்தார்கள். பெரிய பஸ், வழிகாட்டி, மாமல்லபுரம் முழுக்க, கடைசியில் கடைவீதி. மகள் அந்தப் பட்டியலைப் படம் எடுத்து அனுப்பினாள். தாத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். குழந்தை தூங்கும் நேரம் அதில் எங்கும் இல்லை.

கார்டு உட்காருவது வண்டியின் கடைசிப் பெட்டியில். அதனாலோ என்னவோ, அவருக்குக் கணக்கு எப்போதும் பின்னாலிருந்துதான் வரும். 4.30க்கு ஏற வேண்டும் என்றால் துறைமுக வாசலில் 3.45. மாமல்லபுரத்திலிருந்து சென்னைத் துறைமுகம் சுமார் 60 கிலோமீட்டர். சனிக்கிழமை கிழக்குக் கடற்கரைச் சாலையை நம்ப முடியாது, இரண்டேகால் மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். அப்படியானால் 1.30க்கு வண்டி எடுத்தே ஆக வேண்டும். காலையில் குடிநுழைவுச் சோதனை முடித்து வெளியே வர 9 மணி. நடுவில் மிச்சம் நாலரை மணி நேரம், போகிற வழியையும் சேர்த்து.

கப்பல் சுற்றுலா சென்னைக்குப் புதிதல்ல. 2022 ஜூன் 4 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் இதே துறைமுகத்தில் கார்டிலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ கப்பலைக் கொடியசைத்து அனுப்பினார். மறு வருஷம் ஜூனில் அது இலங்கைக்கே போனது: அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. உள்ளூர்க்காரர்களுக்கு இங்கே ஏறி இன்னொரு கரையில் இறங்குவதுதான் பயணம். வெளியிலிருந்து வரும் கப்பலுக்கோ மாமல்லபுரம்தான் கரை. அங்கே பெரியவர்களுக்குக் காட்ட என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். முழங்கால் உயரப் பிள்ளைக்கு என்ன இருக்கிறது என்பதுதான் தாத்தாவின் கேள்வி. ரயில்வேயில் புதுப் பாதையில் வண்டி விடுவதற்கு முன் சோதனை ஓட்டம் நடத்துவார்கள். இதற்கும் ஒன்று நடத்திவிடுவது என்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை

சோதனை ஓட்டத்துக்குப் பக்கத்து வீட்டுப் பேரனைக் கடன் வாங்கினார்கள். அவனுக்கும் இரண்டு வயதுதான். அவன் பாட்டியும் கூட வந்தார். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் 30 கிலோமீட்டர் சொச்சம். காலை 8 மணிக்குப் போய்ச் சேர்ந்தாயிற்று.

முதலில் வெண்ணெய் உருண்டைப் பாறை. 2019 அக்டோபரில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் கைகோத்து நின்று படம் எடுத்துக்கொண்ட இடம். சரிவில் உருளாமல் நிற்கிற அந்தக் கல்லைப் பார்த்து உலகமே வாய் பிளக்கிறது. பையன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் கண் போனது சரிவுப் பாறையின் மேல். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் சறுக்கிச் சறுக்கி வழவழப்பாகிப்போன பாறை அது. அவன் பாட்டி மடியில் வைத்துக்கொண்டு ஒரு முறை சறுக்கியதும், “இன்னும்” என்றான். பதினொரு முறை என்கிறது டைரி.

அடுத்து அர்ச்சுனன் தபசு. இரண்டு பாறைகளும் நடுவில் ஒரு பிளவும். இது அர்ச்சுனன் தவமா, பகீரதன் கங்கையைக் கொண்டுவந்த கதையா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். நடை பழகிய பிள்ளைக்கு அந்த வழக்கே வேண்டாம். அவன் பார்வைக்கு எட்டுவது பாறையின் கீழ்ப்பகுதி மட்டும்தான். பல்லவச் சிற்பி அங்கேதான் யானைகளை நிறுத்தியிருக்கிறான், பெரிய யானையின் காலடியில் குட்டிகளை விட்டிருக்கிறான். பக்கத்தில் ஒரு பூனை. முன்னங்கால் இரண்டையும் தலைக்கு மேல் தூக்கி, தவம் செய்கிற பாவனையில் நிற்கிறது. அதைச் சுற்றி எலிகள். மேலே தேவர்களும் கின்னரர்களும் பறந்துகொண்டிருக்க, தரைமட்டத்தில் இப்படி ஒரு குறும்பு. சிற்பி வீட்டில் சின்னப் பிள்ளை இருந்திருக்கும் என்று தாத்தா எழுதியிருக்கிறார். நிரூபிக்க முடியாது. மறுக்கவும் மனம் வரவில்லை.

பக்கத்திலேயே தனிக் கல்லில் குரங்குக் குடும்பம். ஒன்று இன்னொன்றுக்குப் பேன் பார்க்கிறது, குட்டி மடியில் பால் குடிக்கிறது. பையன் உடனே தன் பாட்டியின் தலையில் கை வைத்தான்.

கிருஷ்ண மண்டபத்தில் நிழல் உண்டு. பால் கறக்கிற காட்சி, கன்றை நக்குகிற பசு. நிழலுக்கென்றே இதற்குத் தனி மதிப்பெண்.

கடற்கரைக் கோயிலில் ஓட்டம் தடுமாறியது. எட்டாம் நூற்றாண்டில் ராஜசிம்மன் எழுப்பிய கோயில், 1984இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த தொகுதியின் முகப்பே அதுதான். ஆனால் வாசலிலிருந்து கோயில் வரை வெயில். உள்ளே போனபின் பிள்ளை கேட்பது கோயிலை அல்ல, வேலிக்கு அப்பால் தெரிகிற கடலை. கடலோ இங்கே நம்பக்கூடியதல்ல. கரையை ஒட்டியே ஆழம் சட்டென்று இறங்கும், அலை திரும்பும்போது இழுப்பும் அதிகம். கால் நனைக்கிறேன் என்று இறங்கிய பெரியவர்களையே கொண்டுபோன கரை இது. டைரியில் கடற்கரைக் கோயிலுக்கு நேராக ஒரு சிவப்புக் கோடு. மாமல்லபுரம் போய்க் கடற்கரைக் கோயிலைப் பார்க்காமல் வருவதா என்று கோபிக்கிறவர்கள் உண்டு. அவர்கள் வெயிலில் இரண்டு வயதைத் தூக்கிக்கொண்டு நடந்து பார்க்கட்டும்.

பதினொன்றரை மணிக்குத் தாத்தா தனியாகத் திரும்பிப் போய் வெண்ணெய் உருண்டைப் பாறையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். தை மாதத்திலும் சுட்டது. நாளைக்குச் சறுக்கல் கிடையாது.

சாயங்காலம் கோவளம். கடலில் பிள்ளையை விட முடியாவிட்டாலும் மணலில் விடலாம், அதற்கு இதைவிடத் தோதான இடம் இந்த மாவட்டத்தில் இல்லை. டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஓர் அமைப்பு 33 அளவுகோல்களை வைத்துத் தருகிற நீலக்கொடிச் சான்றை 2021இல் தமிழ்நாட்டில் முதலாவதாகப் பெற்றது கோவளம். தண்ணீரின் தூய்மை, கழிப்பறை, உயிர்காப்பாளர் எல்லாம் அந்த அளவுகோலில் அடக்கம். பிள்ளையோடு போகிறவர்களுக்கு அந்தக் கொடியின் அர்த்தம் ஒன்றே ஒன்று: துணி மாற்ற ஓர் இடம் இருக்கிறது.

அங்கே வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவரிடம் ஆமை பற்றிக் கேட்டார் தாத்தா. “பங்குனி ஆமைதானே? இப்பதான் முட்டை வைக்க ஆரம்பிக்குது. குஞ்சைப் பாக்கணும்னா மாசி, பங்குனிக்கு வாங்க.” பேரிலேயே மாதம் இருக்கிறது. முட்டை பொரிய ஏறக்குறைய ஐம்பது நாள் ஆகும். 1988 முதல் சென்னையில் மாணவர்கள் கூடி நடத்தும் கடலாமைப் பாதுகாப்புக் குழு பெசன்ட் நகர்க் கரையில் குஞ்சுகளைக் கடலில் விடும்போது பொதுமக்களும் நின்று பார்க்கலாம். உள்ளங்கை அளவு குஞ்சு அலையை நோக்கித் தத்தித் தத்திப் போவதை, தத்தித் தத்தி நடக்கிற பிள்ளை பார்ப்பது போன்ற காட்சி வேறில்லை. ஆனால் அது நாளைக்கு நடக்காது. 2025 ஜனவரியில் இந்தக் கடலோரத்தில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கின. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் பிள்ளையைத் தொடவிடக் கூடாது என்பதையும் குறித்துக்கொண்டார்.

வேடந்தாங்கல் பட்டியலில் இருந்தது. பறவைகள் நிறைந்திருக்கும் பருவமும்கூட. துறைமுகத்திலிருந்து தூரம், அடித்தாயிற்று.

சனிக்கிழமை

9.20க்குத் துறைமுக வாசல். இருபது நிமிஷம் தாமதம். பேத்தி பாட்டியை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். போனில் தினமும் பார்க்கிற பாட்டி இவ்வளவு பெரிதாக இருப்பாள் என்று எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது.

வாடகைக் காரில் குழந்தை இருக்கை இல்லை. மாப்பிள்ளை கப்பலிலிருந்தே சிறிய இருக்கை ஒன்றைச் சுமந்து வந்திருந்தார். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 14 வயதுக்குட்பட்டவர்களுக்கு இருக்கைப் பட்டையோ தனி இருக்கையோ கட்டாயம், தவறினால் 1,000 ரூபாய் அபராதம். ஓட்டுநர் சிரித்தார். “மடியில வெச்சுக்குங்க சார், யாரும் கேக்க மாட்டாங்க.” மாப்பிள்ளை பதில் சொல்லாமல் பட்டையை மாட்டினார். தாத்தாவுக்கு அது பிடித்திருந்தது.

10.35 கோவளம். வெயில் ஏறுவதற்குள் மணல், பிறகு கல், அதற்குப் பிறகு தூக்கம். இதுதான் வரிசை. கப்பல்காரர்களின் பஸ் வரிசையில் மணலும் இல்லை, தூக்கமும் இல்லை.

மணலில் இறக்கிவிட்டதும் பேத்தி கால் விரல்களை மடக்கிக்கொண்டு அசையாமல் நின்றாள். பெரும்பாலான பிள்ளைகள் முதலில் இப்படித்தான் செய்யும். தூக்கிவிடக் கூடாது. பாட்டி எதுவும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து பையைத் திறந்தாள். பிளாஸ்டிக் வாளியும் மண்வெட்டியும் எதிர்பார்த்த மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாட்டி எடுத்தது பழைய அலுமினிய இட்லித் தட்டு. கூடவே ஒரு சொம்பு, ஒரு கரண்டி.

ஈர மணலைக் குழியில் அழுத்தித் தட்டைக் கவிழ்த்தால் நாலு இட்லி. பேத்தி ஓர் அடி எடுத்து வைத்தாள். இன்னொரு ஈடு. இன்னொரு அடி. மூன்றாவது ஈட்டுக்குக் கரண்டி அவள் கைக்குப் போய்விட்டது. அதன் பிறகு நாற்பது நிமிஷம் கடைதான். தாத்தாவுக்கு நாலு, அப்பாவுக்கு நாலு, கொடிக்கம்பத்துக்கு நாலு. பக்கத்தில் வளையிலிருந்து எட்டிப் பார்த்த நண்டுக்கும் ஒன்று வைத்தாள். அது உள்ளே ஓடிவிட்டது. வெளியே வரும் வரை காத்திருப்பது அடுத்த விளையாட்டு. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு குழந்தை இவ்வளவு நேரம் உட்காரும் என்று யாரும் நினைக்கவில்லை. சொம்பில் மொண்டு வந்த கடல்நீரைக் காலில் ஊற்றியபோது மட்டும் கூச்சல்.

11.25க்குக் கிளம்பி, வடநெம்மேலி முதலைப் பண்ணையை நிற்காமல் கடந்தார்கள். 1976இல் ரோமுலஸ் விட்டேக்கரும் ஜாய் விட்டேக்கரும் தொடங்கியது. மர நிழல் நிறைந்த இடம், அரை நாள் கையில் இருப்பவர்களுக்கு நல்லது. இவர்கள் கையில் அது இல்லை.

11.55 ஐந்து ரதம். பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுக்குத் தொல்லியல் துறை சீட்டு கேட்பதில்லை. உள்ளே தரையெல்லாம் மணல், விழுந்தால் அடி படாது. ஒரே கல்லில் செதுக்கிய யானை அசல் யானை உயரத்தில் நிற்கிறது. பேத்தி அதைச் சுற்றி வந்தாள். வால் பக்கம் போய் நின்றாள். அண்ணாந்து பார்த்தாள்.

“ஆனை தூங்குதா?”

மாப்பிள்ளை இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் தாத்தா முந்திக்கொண்டார். பக்கத்திலேயே இருக்கிற சகதேவ ரதத்தின் பின்புறம் வளைந்து, படுத்த யானையின் முதுகு போல இருக்கும். தமிழில் அந்தக் கட்டட வடிவத்துக்கே தூங்கானை மாடம் என்றுதான் பெயர். “இது நின்னுட்டிருக்கு. தூங்குற ஆனை அதோ, அது!” என்று கைகாட்டினார். பேத்தி விரலை உதட்டில் வைத்து எல்லோரையும் அடக்கினாள். ஒரு வெளிநாட்டுக் கும்பலும் அடங்கியது.

கிருஷ்ண மண்டபத்து நிழலில் பத்து நிமிஷம். பூனைக்கு ஐந்து நிமிஷம். வெளியே பாட்டி டப்பாவில் கொண்டுவந்த தயிர் சாதம். ஊட்டி முடிப்பதற்குள் பேத்தியின் கண் சொருகிவிட்டது.

1.20க்கு வண்டி எடுத்தாயிற்று, பத்து நிமிஷம் முன்னதாக. முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவைக் கையிருப்பாக வைத்திருந்தார்கள். 1996இல் திறந்தது, தென்னாட்டின் பழைய வீடுகள் பதினெட்டைப் பெயர்த்து வந்து நட்ட இடம். அதன் திண்ணைகள் ஏறி இறங்கிப் பழகவென்றே கட்டியவை போலிருக்கும். ஆனால் வாசலைத் தாண்டும்போதும் பேத்தி எழவில்லை. தூங்குகிற பிள்ளையை இடம் காட்ட எழுப்புவது போன்ற மூடத்தனம் வேறில்லை என்பது பாட்டியின் தீர்ப்பு. கார் நிற்கவில்லை.

3.25 துறைமுக வாசல். கணக்கைவிட இருபது நிமிஷம் முன்னால், காலைத் தாமதம் நேராகிவிட்டது. விழித்த பேத்தி இந்த முறை பாட்டியின் தோளிலிருந்து இறங்க மறுத்தாள். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி டைரியில் ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை

காலையில் பாட்டி இட்லிக்குத் தட்டை எடுக்கப் போனாள். அடுக்கில் ஒன்று குறைந்தது. தேடிக்கொண்டிருக்கும்போதே கப்பலிலிருந்து படம் வந்தது: அறைக் கம்பளத்தில் பேத்தி, மடியில் அலுமினியத் தட்டு, குழிகளில் இன்னும் கோவளத்து மணல்.