கணவாயில் ஒரு சிற்றரசு

சென்ற ஆண்டு ஒரு நாள் மாலை, பள்ளியிலிருந்து திரும்பிய நம் வீட்டுச் சிறுவன் புத்தகப் பையை இறக்கி வைக்கு முன்பே, "அப்பா, முல்லைப் பெரியாறு விஷயத்தில் நாம் எந்தப் பக்கம்?" என்று கேட்டான். உடன் பயிலும் தோழன் கேட்டானாம். இவனுக்கு விடை தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் நமக்கும் உடனே விடை தோன்றவில்லை. பிழைப்பை நாடிக் கேரளத்தில் குடியேறியுள்ள தமிழ்க் குடும்பங்களில் இக்கேள்வி எழாத வீடு இராது. பூஜை விடுமுறை வந்ததும் சிறுவனை அழைத்துக்கொண்டு பாலக்காட்டிலிருந்து குமுளி வரை ஒரு யாத்திரை சென்று வந்தோம். இரு பெரியோருக்கு நடுவே வாழ நேர்ந்த சிறு நாடுகள் முன்னாளில் என் செய்தன என்பதை, அவை இருந்த மண்ணிலேயே நின்று பார்க்க வேண்டும் என்பதே நம் நோக்கம்.

கோயமுத்தூரிலிருந்து ரயிலில் வருவோர் வாளையாற்றைக் கடந்ததும் ஒரு விந்தையைக் காண்பர். வடக்கே நீலமலைத் தொடரும் தெற்கே ஆனைமலைத் தொடரும் விலகி நிற்க, இடையே 30, 40 கிலோமீட்டர் அகலத்திற்கு நிலம் தாழ்ந்து கிடக்கிறது. இதுவே பாலக்காட்டுக் கணவாய். சென்னையையும் மேலைக் கடற்கரையையும் இணைத்த இருப்புப் பாதை 1862-ஆம் ஆண்டில் இவ்வழியே அமைந்ததும் இக்காரணம் பற்றியே. வணிகரின் பொதிமாடுகள் வந்த வழி இது. படைகள் வந்த வழியும் இதுவே.

இக்கணவாயில் தரூர் ஸ்வரூபம் எனப்பட்ட ஒரு சிற்றரசு இருந்தது. அதன் மன்னர்கள் சேகரிவர்மன் என்ற பட்டப் பெயர் பூண்டனர்; குடிகள் அவர்களை அச்சன் என்றழைத்தனர். மேற்கே கோழிக்கோட்டுச் சாமூதிரி, தெற்கே கொச்சி அரசர், கிழக்கே மைசூர் என மூன்று பெரியோரின் நடுவே அமைந்த நாடு அது.

1756, 1757-ஆம் ஆண்டுகளில் சாமூதிரியின் படை பாலக்காட்டு எல்லைக்குள் புகுந்தது. தனித்து எதிர்க்க இயலாத அச்சன், திண்டுக்கல்லில் மைசூரின் பௌஜ்தாராக இருந்த ஹைதர் அலியிடம் உதவி வேண்டித் தூதனுப்பினார். ஹைதர் தம் மைத்துனர் மக்தூம் அலியைப் படையுடன் அனுப்பினார். சாமூதிரி பின்வாங்கி, போர்ச் செலவாக 12 லட்சம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டார். ஆனால் பணம் தரவில்லை. அந்தப் பாக்கியைக் காரணங்காட்டி 1766-இல் ஹைதரே பெரும்படையுடன் மலையாளத்தில் இறங்கினார். கோழிக்கோட்டில் சாமூதிரி தம் அரண்மனைக்குத் தாமே தீயிட்டு மாண்டார். சாமூதிரியின் கதை இவ்வாறு முடிய, உதவிக்கழைத்த அச்சனுக்குக் கிட்டியது யாது?

அதனைப் பாலக்காட்டு நகரின் நடுவே கண்ணாரக் காணலாம். சுற்றிலும் அகழி சூழ, கருங்கல்லால் எழுந்து நிற்கும் கோட்டை அவ்வாண்டு கட்டப்பட்டதே. கட்டியவர் ஹைதர். கோட்டை அச்சன் நாட்டில் நின்றதேயன்றி, அதன் சாவி அச்சனிடம் இல்லை. 1768-இல் கர்னல் உட் என்பவர் அதனைக் கும்பினிக்காகப் பிடித்தார். சில மாதங்களில் ஹைதர் மீட்டுக்கொண்டார். 1783-இல் கர்னல் புல்லார்ட்டன் மீண்டும் பிடித்தார். கும்பினி பின்னர் அதைக் கைவிட்டது. 1790-இல் கர்னல் ஸ்டூவர்ட் பிடித்ததே முடிவாயிற்று. 1792-ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் மலபார் முழுவதும் கும்பினியின் வசமாயிற்று. மலபார் அரசர்கள் நாளடைவில் மாலிகானா என்னும் உபகாரச் சம்பளம் பெறுவோராயினர்.

அகழிக்கரையில் நின்றபடி இதைச் சொல்லக் கேட்ட சிறுவன், "அவர் யாரையும் அழைக்காமல் சும்மா இருந்திருக்கலாமே!" என்றான். நாம் சுவிட்சர்லாந்தின் கதையைச் சொன்னோம். அதுவும் சிறு நாடே. அங்கும் கணவாய்கள் உண்டு. 1515-இல் மரிஞானோ போரில் தோற்ற பின் அந்நாட்டினர் அயல்நாடுகளைப் பிடிக்கும் ஆசையை விட்டொழித்தனர். எனினும் 1798-இல் பிரெஞ்சுப் படை உட்புகுந்தது. நெப்போலியன் வீழ்ந்த பின்னர், 1815-இல் ஐரோப்பிய வல்லரசுகள் கூடி அதன் நடுநிலையை எழுத்தில் ஒப்புக்கொண்டன. பெல்ஜியத்திற்கும் 1839-இல் அத்தகைய பத்திரம் கிட்டியது. ஆனால் சமவெளி நாடாகிய அதன் வழியே 1914-இல் ஜெர்மானியப் படை நடந்து சென்றது. ஆகவே நடுநிலைக்கு ஒருவன் மனம் மட்டும் போதாது. கடத்தற்கரிய இடம், காத்துக்கொள்ளும் வலிமை, பெரியோர் தம் நலங்கருதித் தரும் ஒப்புதல் ஆகிய மூன்றும் வேண்டும். அச்சனுக்கு இவற்றுள் ஒன்றும் வாய்க்கவில்லை. அவரைக் குறை கூற நமக்கு வாய் எழவில்லை.

மறுநாள் பொள்ளாச்சி, உடுமலை வழியாகச் சின்னாற்றுக் காட்டைக் கடந்து மறையூரை எய்தினோம். இது அஞ்சுநாட்டைச் சேர்ந்த ஊர். போர்க் காலத்தில் மதுரைச் சீமையை விட்டு மலையேறி வந்தவர்கள் தம் முன்னோர் என்று இவ்வூரார் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். நம்மைப் போன்றே அவர்களும் ஒரு காலத்தில் குடியேறியவர்கள்தாம்! இம்மலைகள் பூஞ்சாற்று அரச குடும்பத்தின் ஆட்சியில் இருந்தன. அவர்களும் தம்மைப் பாண்டிய மரபினர் என்பர். 1877-இல் அவர்களிடமிருந்தே ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். கணவாய் நாட்டிற்குப் பீரங்கி வந்தது. மலை நாட்டிற்குப் பத்திரம் வந்தது. அப்பத்திரத்தின் பின்னே எழுந்த தேயிலைத் தோட்டங்களுக்குத்தான் நம்மவர் ஆயிரக்கணக்கில் கூலிகளாக மலையேறினர்.

மூணாறு, பூப்பாறை, நெடுங்கண்டம் வழியாக ஏலத்தோட்டங்களைக் கடந்து குமுளி சேர்ந்தோம். இங்கே நினைவிற்கு வருவது திருவிதாங்கூர். சிறு நாடாயினும் அயல்நாட்டு உறவில் அது கைதேர்ந்தது. 1741-இல் குளச்சலில் டச்சுக்காரரை வென்றது. 1753-இல் மாவேலிக்கரை உடன்படிக்கையால், மற்ற மலையாள அரசர்களுக்குத் துணை போகாது விலகி நிற்க அவர்களை இசையச் செய்தது. ஹைதர் திறை கேட்டபோது, தாம் முன்னரே ஆர்க்காட்டு நவாபுக்குத் திறை செலுத்துவதால் இரு தலைவருக்கு அடங்குதல் இயலாதென்று தர்மராஜா மறுமொழி விடுத்தார். வடவெல்லையில் நெடுங்கோட்டை என்னும் அரணும் இருந்தது. 1789 டிசம்பரில் திப்பு அதனைத் தாக்கியபோது, கும்பினியின் நட்பே திருவிதாங்கூருக்குத் துணையாயிற்று.

ஆனால் அந்நட்பிற்கும் விலை இருந்தது. 1805-ஆம் ஆண்டின் உடன்படிக்கைப்படி ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். கும்பினி அறியாமல் பிற அரசுகளோடு கடிதப் போக்குவரத்தும் கூடாது. அயல்நாட்டு உறவு அன்றோடு கைவிட்டுப் போயிற்று. அந்நிலையில் உள்ள சமஸ்தானமே 1886 அக்டோபர் 29-ஆம் நாள் பெரியாற்றுக் குத்தகையில் கையெழுத்திட்டது. 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு 5 ரூபாய் வாடகை, 999 ஆண்டுத் தவணை. 1895-இல் பென்னிகுக் கட்டிய அணையின் நீர் மலையைக் குடைந்து கிழக்கே பாய்ந்தது. வறண்ட சீமை வயலாயிற்று. 1947 ஜூன் மாதத்தில் திவான் சர் சி. பி. ராமசாமி ஐயர் திருவிதாங்கூர் தனி நாடாக நிற்கும் என்று அறிவித்தார். ஜூலை 25-இல் அவர் வெட்டுண்டார். அம்மாத இறுதியில் மன்னர் இந்திய ஒன்றியத்தில் சேர இசைந்தார். நாடு போயிற்று, குத்தகை மட்டும் நின்றது. 1970-இல் வாடகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2014 மே 7-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்கலாமெனத் தீர்ப்பளித்து, மேற்பார்வைக் குழு ஒன்றையும் அமைத்தது.

இவற்றுக்கிடையே 2011 டிசம்பரை நம் குடும்பங்கள் மறப்பதற்கில்லை. குமுளிச் சாலை அடைபட்டது. இடுக்கித் தோட்டங்களில் வேலை செய்த தமிழர் பலர் அஞ்சி, குழந்தை குட்டிகளோடு காட்டு வழியே தேனி மாவட்டத்திற்கு இறங்கினர். கிழக்கே மலையாளிகளின் கடைகளும் தோட்டங்களும் சேதமுற்றன. இரு பக்கத்திலும் அடிபட்டவர், எதிர்ப்பக்கத்தில் போய்ப் பிழைத்தவரே.

குமுளி எல்லைச் சாவடியருகே ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்தோம். கடைக்காரர் நம்மிடம் தமிழிலும் அடுத்தவரிடம் மலையாளத்திலும் கணக்குச் சொன்னார். கீழே கூடலூர், கம்பத்து வயல்கள் பசுமையாகத் தெரிந்தன. சிறுவன் தன் கேள்வியை மறக்கவில்லை, மீண்டும் கேட்டான்.

"உன் தோழனிடம் இரண்டு செய்தி சொல். இந்நீர் இல்லையேல் தேனி, மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் வரை உழவர் வாட்டமுறுவர். அணைக்குக் கீழே வண்டிப்பெரியாற்றிலும் உப்புத்தறையிலும் இருப்போர், மழை நாட்களில் அஞ்சி உறக்கமின்றிக் கிடக்கின்றனர். இரண்டும் மெய். இரண்டையும் சேர்த்துச் சொல்லத் துணிந்தவன் பக்கமே நம் பக்கம்" என்றோம்.

"அப்படிச் சொன்னால் இரண்டு பேருமே நம்மோடு சண்டைக்கு வந்தால்?" என்றான் அவன்.

அச்சனுக்கு வந்த இக்கட்டு அதுவேயன்றோ! ஒரு பெரியவரிடம் அஞ்சி மற்றொரு பெரியவரிடம் ஓடியதால் அவர் நாட்டை இழந்தார். நமக்கு இழப்பதற்கு நாடு இல்லை. அடுத்த வீட்டாரின் நல்லெண்ணம் ஒன்றே உள்ளது. அதைக் காத்துக்கொள்ள ஒவ்வொரு நாளும் பேசிக்கொண்டேதான் இருக்க வேண்டும் என்று விடை சொன்னோம். ஊர் திரும்பிய மறுநாள், அவன் அத்தோழனை நம் வீட்டிற்கு அழைத்து வந்தான். மறையூரில் வாங்கிய வெல்லத்தில் பாதியை இருவரும் தின்று தீர்த்தனர்.