காசிமேட்டில் கண் விழித்த கேமரா!

வீடு மாறியிருக்கீங்களா பாஸ்? மிக்ஸியும் குக்கரும் முதல் நாளே பெட்டியை விட்டு வெளியே வந்துவிடும். 'அப்புறம் பார்த்துக்கலாம்' கேட்டகிரி பெட்டிகள் மட்டும் நேராகப் பரணுக்குப் போகும். என் கேமரா அந்த ஜாதி. அப்பாவுக்கு டிரான்ஸ்ஃபர். சேலத்திலிருந்து ராயபுரம் வந்து எட்டு மாதம். ஏற்காட்டுப் பனியைச் சுட்டுப் பழகிய கைக்கு, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எதைச் சுடுறதுன்னே பிடிபடலை. சிவில் தேர்ட் இயர் லேப் ரெக்கார்டுகள் வேறு!

பரணைத் திறக்கவெச்சது அம்மாவோட வஞ்சிரம் ஆசை. "காசிமேட்ல ஃப்ரெஷ்ஷா கிடைக்குமாம்டா..."

நீங்களும் போறதா இருந்தா, ஞாயிற்றுக்கிழமை விடியறதுக்கு முன்னாடியே போயிடுங்க. பளீர் விளக்குகளுக்குக் கீழே ஏலம் அனல் பறக்கும். சங்கரா, வவ்வால், இறால், நண்டு எனக் கூடை கூடையாகக் கொட்டுவார்கள். ஐஸ் உடைக்கிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. தரை முழுக்கத் தண்ணி... அதில் விளக்கு வெளிச்சம் விழுந்து உடையும் பாருங்க, அதுதான் என் முதல் ஃப்ரேம்! ஃப்ளாஷ் வேண்டாம் பாஸ், வேலை செய்பவர்கள் கண்ணைக் கூசும். நான் வைத்தது 50 எம்.எம். லென்ஸ், எஃப் 1.8, ஐ.எஸ்.ஓ. 3200. கொஞ்சம் புள்ளி புள்ளியாகத்தான் வரும், பரவாயில்லை.

கடல் கிழக்கே என்பதால் சூரியன் நேராகப் படகுகளுக்குப் பின்னால் எழும். ஜனவரியில் ஆறரை தாண்டும். ஜூனில் 5.45-க்கு முன்னாலேயே ஆஜர்.

அப்படி ஒரு வெளிச்சத்தில்தான் மீன் விற்கும் ஒரு அக்காவிடம், "ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமாக்கா?" என்றேன். முறைத்தார்.

"இன்னாத்துக்கு? சினிமால காட்றாமாரி ரவுடிங்க ஏரியான்னு போடவா?"

சுருக்கென்றது. ஏன்னா, அரை மணி நேரம் முன்புதான் கத்தியோடு மீன் வெட்டும் அண்ணனை இருட்டில் எடுத்திருந்தேன். செம ஷாட்! கிளாஸில் காட்டினால் "வடசென்னைடா!" என்று விசில் பறக்கும். ஆனால் அந்த அண்ணன் வஞ்சிரம் துண்டு போட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். ஊருக்குப் புதுசாக வந்தவன் எடுக்கிற படத்தில் ஊரை விட சினிமாதான் அதிகம் தெரியும்போல.

"இல்லக்கா, நானும் ராயபுரம்தான். பக்கத்துத் தெரு."

"அப்டியா? இரு, மூஞ்சியத் தொடச்சுக்கிறேன்."

அந்தத் தொடைக்கிற நொடியைத்தான் எடுத்தேன். கத்தி படம் என் மெமரி கார்டோடு நின்றுவிட்டது.

அடுத்தடுத்த வாரங்களில் கால் தானாக நடந்தது. ராயபுரம் ரயில் நிலையம் பார்த்திருக்கிறீர்களா? தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ல் இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. இன்று கும்மிடிப்பூண்டி லோக்கலுக்குக் காத்திருப்பவர்கள் பலர் அந்தப் பழைய தூண்களை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. சிவில் ஸ்டூடன்ட் மனசு கேட்குமா? மாலை வெயில் சாய்வாக விழும்போது வெளியிலிருந்து பாருங்கள், தூண்களின் நிழல் அப்படி நீளும்!

முக்கியமான விஷயம்... இங்கே காற்றிலேயே உப்பும் ஈரமும். சும்மா கிடக்கும் லென்ஸின் உள்ளே பூஞ்சை சிலந்தி வலை மாதிரி படரும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு வையுங்கள். ஷூ டப்பாவில் வருமே, அதேதான். வீட்டுக்கு வந்ததும் மெல்லிய துணியால் கேமராவின் வெளிப்புறத்தைத் துடைத்துவிடுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் நெருக்கியடித்து நிற்கும். வலை பின்னல், பெயின்ட் வேலை என்று வேறொரு காசிமேடு. அதையும் எடுக்கப்போகிறேன்.

அக்காவுக்கு பிரின்ட் போட்டுக் கொடுத்தேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்து வாங்கி, ரொம்ப நேரம் பார்த்தார். பக்கத்துக் கடைக்காரம்மாவிடமும் காட்டினார். அப்புறம் என்னிடம் திரும்பி, "மூஞ்சியத் தொடைக்கிறப்பவா எடுப்ப? வர்ற ஞாயித்துக்கெயம எம் பொண்ணயும் இட்டாறேன். ரெண்டு பேரையும் நிக்கவெச்சு ஒயுங்கா எடு!"